வண்டிக்கு செராமிக் கோட்டிங்: ஒரு மைக்ரான் என்ன செய்யும்?

என் தங்கை வீட்டுக்காரர் புது வண்டி புக் செய்திருந்தார். கருநீல நிறம். டெலிவரிக்கு இரண்டு நாள் முன்பு போன் வந்தது. "மச்சான், கொட்டேஷன்லயே செராமிக் கோட்டிங்னு 28 ஆயிரம் சேர்த்து எழுதியிருக்காங்க. பெயின்ட் கல்லு மாதிரி ஆயிடுமாம், கீறலே விழாதாம். போடலாமா?"

"நாளைக்குச் சொல்றேன் மாப்பிள்ளை" என்றேன். ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடிகிற விஷயமில்லை இது. நான்கு வருடம் முன்பு என் வண்டிக்கும் அதைப் போட்டிருக்கிறேன். அது எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது.

முதலில் வண்டியின் தோலைப் பார்ப்போம். தகட்டின் மேல் மின்சாரம் பாய்ச்சிப் படியவைத்த துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து 100 முதல் 130 மைக்ரான் வரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நாம் பளபளப்பு என்று ரசிப்பதெல்லாம் கிளியர் கோட்டில்தான் நடக்கிறது. அது 40 மைக்ரான் அளவுள்ள, பிளாஸ்டிக் குடும்பத்தைச் சேர்ந்த படலம். வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் ரசாயனங்களும் அதற்குள்தான் கலந்திருக்கின்றன. முடியின் தடிமனில் பாதிதான் நம் சொத்து. இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற கணக்கெல்லாம் எளிதாகிவிடும்.

செராமிக் என்றதும் நமக்கு பீங்கான் கோப்பை நினைவுக்கு வரும். பீங்கானைச் சூளையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுடுவார்கள். இங்கே சூளை கிடையாது. சின்னக் கண்ணாடிக் குப்பியில் வருகிற திரவத்தில் சைலேன், சிலாக்சேன், பாலிசிலசேன் போன்ற சிலிக்கான் சேர்மங்கள், ஆவியாகும் ஒரு கரைப்பானில் கரைந்திருக்கும். பெயின்டில் தடவியதும் கரைப்பான் பறந்துவிடும். மிச்சமிருக்கும் மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து, சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கைகோத்த ஒரு வலையாக இறுகும். பாலிசிலசேன் வகையில் இந்த வினையின்போது அம்மோனியா வெளியேறும். மூடிய அறையில் அந்த நெடியை நுகரலாம். கண்ணாடிக்கும் ஆற்று மணலுக்கும் அடிப்படை இதே சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்புதான். பெயின்டில் இருக்கும் கார்பன்-கார்பன் பிணைப்பைவிட அது வலுவானது. ஆகவே ஷாம்பூ, வெயில், லேசான அமிலம் எதற்கும் சுலபத்தில் கரையாது.

பூச்சை இறுக வைப்பது காற்றின் ஈரம் என்பதால் ஊரின் வானிலையும் இதில் ஒரு கை பார்க்கிறது. சென்னை போன்ற கடற்கரை ஊரின் புழுக்கத்தில் பூச்சு சீக்கிரம் இறுகிவிடும். தடவிய ஓரிரு நிமிடத்தில், தேங்கிய தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல வானவில் நிறம் தெரியும். அந்த நேரத்தில் துணியால் ஒற்றித் துடைத்துவிட வேண்டும். தவறவிட்டால் திட்டுத் திட்டாக உறைந்து நிற்கும். பிறகு பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். கைதேர்ந்தவருக்கும் அவசரக்காரருக்கும் வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது.

அந்தப் படலம் எவ்வளவு தடிமனாக இருக்கும்? நாமே கணக்குப் போடலாம். குப்பியில் 30 மில்லி. சின்ன வண்டியின் பெயின்ட் பரப்பு தோராயமாக 10 சதுர மீட்டர். அத்தனை திரவத்தையும் ஒரு சொட்டு வீணாக்காமல் பரப்பினாலே 3 மைக்ரான்தான் வரும். அதில் கணிசமான பங்கு தடவும் துணியிலும் துடைக்கும் துணியிலும் போகிறது, கரைப்பானோ ஆவியாகிறது. கடைசியில் பெயின்டின்மேல் தங்குவது சுமார் ஒரு மைக்ரான், சில சமயம் அதற்கும் கீழே. மாப்பிள்ளை கேட்ட "கல்லு" இவ்வளவுதான்.

அப்படியானால் விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிற "9எச் கடினம்" என்ன? பென்சில் பெட்டியில் பார்த்த அதே எச்தான். பென்சில் முனையைத் தட்டையாகத் தேய்த்து, 45 டிகிரி சாய்த்து, குறிப்பிட்ட எடையோடு பூச்சின்மேல் தள்ளுவார்கள். 9எச் பென்சிலும் கீறவில்லை என்றால் 9எச். ஆனால் இந்த எண்ணை, கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலின் 9 என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். மோஸ் அளவில் 9 என்றால் மாணிக்கக் கல். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. பென்சில் முனை என்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த கலவை. சாலைப் புழுதியில் இருப்பதோ குவார்ட்ஸ் மணல், மோஸ் அளவில் 7, கண்ணாடியையே கீறும். போதாததற்கு, ஒரு மைக்ரான் கடினப் படலத்துக்கு அடியில் இருப்பது மிருதுவான பிளாஸ்டிக். மெத்தைமேல் அப்பளத்தை வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள். அப்பளம் மொறுமொறுப்பானதுதான், ஆனாலும் மெத்தை அமுங்கும்போது அது உடையும். சாவிக் கீறல், பைக் கைப்பிடி உரசல், லாரி டயர் தெறிக்கும் ஜல்லி இவற்றுக்கெல்லாம் செராமிக் பூச்சு பதில் சொல்லாது. ஜல்லிக்கு வேண்டியது பிபிஎஃப் என்கிற பாலியூரித்தேன் படலம். அது 150 முதல் 200 மைக்ரான் தடிமன், விலையும் பல மடங்கு.

வெயிலுக்குக் காப்பு என்பதையும் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும். வீட்டுத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினில் யூவி விளக்கு இருக்கிறதல்லவா, அதைச் சுற்றியிருக்கும் குழாய் குவார்ட்ஸ். புற ஊதாக் கதிர் தடையில்லாமல் வெளியே வர வேண்டும் என்பதற்காகவே அதைக் குவார்ட்ஸில் செய்கிறார்கள். குவார்ட்ஸ் என்பது வேறொன்றுமில்லை, சிலிக்கான் டை ஆக்சைடுதான். செராமிக் பூச்சில் கதிரை உறிஞ்சும் ரசாயனம் கலந்திருந்தாலும், ஒரு மைக்ரானுக்குள் எவ்வளவு அடைத்துவிட முடியும்? வெயிலைத் தாங்குவது 40 மைக்ரான் கிளியர் கோட்தான். நிழலில் நிறுத்துவது இதைவிடப் பெரிய காப்பு.

சரி, அப்புறம் இதனால் என்னதான் பயன்? பயன் தண்ணீரில் இருக்கிறது.

இறுகிய வலையின் வெளிப்புறத்தில் தண்ணீரோடு ஒட்ட விரும்பாத மூலக்கூறுகள் வரிசைகட்டி நிற்கும். வெறும் கிளியர் கோட்டில் தண்ணீர் விழுந்தால் அது பரவிப் படர்கிறது. துளியின் விளிம்பு பரப்போடு செய்யும் கோணம் 70, 80 டிகிரிதான். பூச்சு போட்ட பரப்பில் அது 100, 110 ஆகிறது. துளி முத்தாகத் திரள்கிறது, வண்டி நகர்ந்ததும் உருண்டு ஓடுகிறது. சேறும் புழுதியும் இறுகப் பிடிக்க முடியாமல் பாதி தண்ணீரோடு போய்விடுகிறது. மிச்சத்தை அழுத்தித் தேய்க்கத் தேவையில்லை. வண்டி கழுவுவது பாதி வேலையாகிவிடும். இதை நான் அனுபவித்திருக்கிறேன், உண்மையான சுகம்.

இதைத் "தாமரை இலைத் தொழில்நுட்பம்" என்று விற்பவர்கள் உண்டு. அது சரியில்லை. தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். அதன் ரகசியத்தை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸும் 1997-இல் விளக்கினார்கள். இலை வழவழப்பாக இல்லை என்பதுதான் அந்த ரகசியம். கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அவற்றின்மேல் மெழுகுப் பொடி. துளி மேடுகளின் நுனியிலேயே, காற்று மெத்தையில் அமர்ந்திருக்கும். அதனால் கோணம் 150 டிகிரியைத் தாண்டும். வழவழப்பான பரப்பில் எந்த ரசாயனத்தைப் பூசினாலும் 120 டிகிரியைத் தாண்டுவது கடினம். தாமரை இலையின் மேடு பள்ளங்களை பானெட்டில் கொண்டுவந்தால் பளபளப்பு போய்விடும். பளபளப்பும் வேண்டும், தாமரை இலையும் வேண்டும் என்றால் நடக்காது.

தண்ணீர் முத்தாகத் திரள்வதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அதை என் வண்டியில் பார்த்தேன். பூச்சு போட்ட இரண்டாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வெயிலில் வைத்துக் கழுவினேன், போர் தண்ணீரில். துடைப்பதற்குள் ஒரு போன் வந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் பானெட் முழுக்க மிளகு அளவில் வெள்ளை வட்டங்கள். எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ் 1,100. அதாவது ஒரு லிட்டரில் ஒரு கிராமுக்கும் மேல் உப்பு கரைந்திருக்கிறது. வெறும் பெயின்டில் தண்ணீர் பரவிக் காயும்போது அது மெல்லிய வெண்படலமாகிறது. முத்தாக நின்று காயும்போது மொத்த உப்பும் ஒரே புள்ளியில் படிகிறது. துளியின் ஓரம் முதலில் ஆவியாவதால் நடுவிலிருக்கும் நீர் ஓரத்துக்கு ஓடி, உப்பையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். வட்டத்தின் விளிம்பு தடித்திருப்பது அதனால்தான். மேஜையில் சிந்திய காபி காயும்போது வளையமாவதும் இதே காரணத்தால். அந்தக் காபி வளையத்தை சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கியதும் 1997-இல்தான். நீர் கலந்த வினிகரால் ஒற்றி எடுத்துப் பாதிக்கு மேல் போக்கினேன். சில வட்டங்கள் பூச்சையே அரித்து நின்றுவிட்டன.

ஆகவே போர் தண்ணீர் ஊர்களில் பூச்சு போட்டவர்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆர்ஓ மெஷின் வெளியேற்றும் தண்ணீரில் வண்டி கழுவும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதில் உப்பு இன்னும் அதிகம், கடைசி அலசலுக்கு வேண்டவே வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வைத்தால் அது ஏறக்குறைய உப்பில்லாத நீர். கடைசியாக ஒரு துணியை அதில் நனைத்துத் துடைத்தால் வட்டமே விழாது.

பறவை எச்சமும் கிட்டத்தட்ட இதே கதைதான். வெயிலில் கிளியர் கோட் இளகி விரிகிறது, எச்சம் அதன்மேல் காய்ந்து இறுகுகிறது, இரவில் பெயின்ட் குளிர்ந்து சுருங்கும்போது அதன் அச்சு பதிந்துவிடுகிறது. பூச்சு இருந்தால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். ஒரு வாரம் விட்டுவைத்தால் தழும்புதான்.

இப்போது கீறலுக்கு வருகிறேன். இரவில் போன் டார்ச்சை அடித்து உங்கள் வண்டியின் கதவைப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல வட்டக் கீறல்கள் தெரியும். யாரும் வட்ட வட்டமாகத் தேய்க்கவில்லை. டார்ச்சை நகர்த்துங்கள், வலையும் கூடவே நகரும். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும், எல்லா இடத்திலும் இருக்கின்றன. விளக்கைச் சுற்றி வட்டத்தின் போக்கில் அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன, அதனால் வட்டமாகத் தெரிகிறது. பழைய எவர்சில்வர் தட்டிலும் இதைப் பார்க்கலாம்.

இந்தக் கீறல்களைப் போடுவது சாலையல்ல, துணி. அபார்ட்மென்டில் காலை ஐந்து மணிக்கு ஒரே பக்கெட் தண்ணீர், ஒரே துணியோடு பத்து வண்டிகள் துடைக்கப்படுகின்றன. முதல் வண்டியின் மணல் பத்தாவது வண்டியைத் தேய்க்கிறது. துடைப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதம் சில நூறு ரூபாய்க்கு, குழாய் வசதிகூட இல்லாத இடத்தில் அவர் வேறென்ன செய்ய முடியும்? ஆனால் அந்தத் துணி தினமும் வரும் என்றால், 28 ஆயிரம் ரூபாய் பூச்சும் ஆறு மாதத்தில் வலை பின்னிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோட்டிங் போட்டு வெளியே வரும் வண்டி கண்ணைப் பறிப்பது பெரும்பாலும் பாலிஷால். பூச்சு பூசுவதற்கு முன், கீறல்கள் மறைய கிளியர் கோட்டைச் சில மைக்ரான் சீவி எடுக்கிறார்கள். வேலையில் பெரும்பகுதி அதுதான், கொடுக்கும் பணமும் பெரும்பாலும் அதற்குத்தான். நமக்கு இருப்பதோ 40 மைக்ரான். ஒருமுறை செய்தால் பிரச்சினையில்லை. வாரன்டிக்காக வருடாவருடம் மெஷின் போட்டால் நாம் காசு கொடுத்துச் சொத்தைக் கரைக்கிறோம். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி கடையில் இருக்கிறதா, சீவுவதற்கு முன்னும் பின்னும் அளந்து காட்டுவார்களா என்று கேளுங்கள். வாரன்டி தாளில் எதற்கெல்லாம் பொறுப்பில்லை என்ற பகுதியை முதலில் படியுங்கள்.

மறுநாள் மாப்பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேட்டேன். வண்டியை எத்தனை வருஷம் வைத்திருப்பீங்க? யார் கழுவுவாங்க? எட்டு வருஷமாவது ஓட்டுவேன், ஞாயிற்றுக்கிழமை நானேதான் கழுவுவேன் என்றார். வீட்டுக்கு மூடிய பார்க்கிங் இருக்கிறது, தண்ணீர் மெட்ரோ வாட்டர். வண்டியோ கருநீலம், சின்னக் கீறலும் பளிச்சென்று தெரியும் நிறம். "அப்போ போடுங்க மாப்பிள்ளை, ஆனா டெலிவரிக்கு முந்தின ராத்திரி அவசரமா வேண்டாம். கொட்டேஷன்ல அதை அடிக்கச் சொல்லுங்க. வண்டி வந்தப்புறம், நிதானமா மூணு நாள் எடுத்துச் செய்யற ஒருத்தர்கிட்ட விடுங்க. புது வண்டிக்குப் பெருசா சீவத் தேவையில்லை, அதைச் சொல்லியே விலை பேசுங்க" என்றேன்.

என் வண்டி வெள்ளை. தெருவில் நிற்கிறது, போர் தண்ணீரில் குளிக்கிறது. மூன்றாம் வருஷத்தில் பூச்சு தேய்ந்து, தண்ணீர் மறுபடி பரவ ஆரம்பித்தது. மீண்டும் போடவில்லை. சிலிக்கா கலந்த ஸ்பிரே ஒன்று வாங்கிவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவிய கையோடு அடித்துத் துடைக்கிறேன். இரண்டு பக்கெட், ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் துணி அலசத் தண்ணீர். இரண்டாவது பக்கெட்டின் அடியில் ஒவ்வொரு வாரமும் ஒரு தேக்கரண்டி மணல் படிந்திருக்கிறது.