சின்ன வயதில் உருகிப் படித்த மாயக்கதை இப்போது ஏன் ஒட்டவில்லை?

மேசை மேல் அந்தப் புத்தகத்தை வைத்தார். முதுகுப்பக்கம் பழுப்பேறிய டேப், அட்டையில் ஒரு மூலையைக் காணோம். நாற்பதைத் தாண்டியவர். வேலைப்பளு, தூக்கமின்மை என்று அதற்கு முன் மூன்று முறை என்னிடம் ஆலோசனைக்கு வந்திருந்தார்.

"பதினோரு வயசுல இதை எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு கணக்கே இல்லை மேடம். போன வாரம் ஆசையா எடுத்தேன். முப்பது பக்கம்கூடத் தாண்ட முடியலை. எனக்குள்ள ஏதோ செத்துப்போச்சு போல இருக்கு."

மனநல ஆலோசகராக வேலை பார்ப்பதில் இந்தக் கடைசி வரியை வேறு வேறு வார்த்தைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். மந்திரவாதிகள், பேசும் விலங்குகள், ரகசியக் கதவுகள், தீவுகள் என்று சின்ன வயதில் உயிராக இருந்த சாகசக் கதையைப் பெரியவர்கள் ஆசையோடு மறுபடி எடுக்கிறார்கள். மனசு ஒட்டவில்லை. உடனே தங்களுக்குள் ஏதோ வற்றிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த முடிவு தவறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இதில் வருபவர்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அன்றைக்கு அவரிடம், புத்தகத்தைத் திறக்காமல், மிகவும் பிடித்த இடத்தைச் சொல்லச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு குகையைச் சொன்னார். குகைக்குள் ஓடும் ஆறு, நீல வெளிச்சம், கையை வைத்தால் ஜில்லென்று இருக்கும் ஈரச் சுவர், தலைக்கு மேல் சரம் சரமாகத் தொங்கும் வௌவால்கள். பையன் தண்ணீருக்குள் கையை விட்டதும் விரல் நுனிகள் ஒளிரத் தொடங்கும். சொல்லச் சொல்ல அவர் குரலே மாறியது.

அப்புறம் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தோம். மொத்தம் மூன்றே வாக்கியங்கள். ஆறு இருந்தது. வெளிச்சம் இருந்தது, ஆனால் என்ன நிறம் என்று இல்லை. வௌவால் ஒன்றுகூட இல்லை. விரல்கள் ஒளிரவே இல்லை. முன்னும் பின்னும் புரட்டினார். "நடுவுல பக்கம் ஏதாவது கிழிஞ்சு போயிருக்குமோ?" என்று கேட்டார். பக்க எண்கள் வரிசையாகத்தான் இருந்தன.

இதை மறதி என்று சொல்ல மாட்டேன். நினைவு வேலை செய்யும் விதமே இப்படித்தான். பிரிட்டிஷ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட், நினைவு பற்றி 1932-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு சோதனையை விவரித்திருக்கிறார். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் நாட்டுப்புறக் கதை ஒன்றைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார். பிறகு இடைவெளி விட்டு விட்டு, நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார். கதையில் ஆட்கள் சீல் வேட்டைக்குப் போகிறார்கள்; எழுதியவர்களிடம் அது மீன்பிடிப்பாக மாறியது. பழங்குடிகளின் குடைவு ஓடம் சாதாரணப் படகானது. புரியாத இடங்கள் உதிர்ந்தன, புரிந்த மாதிரி புதிய இணைப்புகள் முளைத்தன. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. ஒவ்வொரு முறை நினைவுகூரும்போதும் மனம் கதையைத் தனக்குத் தெரிந்த பொருட்களால் திரும்பக் கட்டுகிறது.

சில நாட்களிலும் மாதங்களிலுமே அப்படி என்றால், முப்பது வருடத்துக்கு மேல் மனசில் வைத்திருந்த கதை என்னவாகியிருக்கும்? எழுத்தாளர் கொடுத்தது மூன்று வாக்கியம். மீதிக் குகையைக் கட்டியவன் அந்தப் பதினோரு வயதுப் பையன். இத்தனை வருடமாக அவர் நேசித்ததில் பாதி அவருடைய சொந்த உழைப்பு. அது அச்சில் இல்லாததால், அச்சுப் புத்தகத்தைத் திறக்கும்போது ஏமாற்றமாக இருக்கிறது.

அதோடு, அன்று படித்த வேகம் இன்று இல்லை. அந்த வயதில் எழுத்துக்கூட்டாவிட்டாலும் வரிவரியாகத்தான் போவோம். தெரியாத சொல் வந்தால் நின்று, ஊகித்து, மேலே போவோம். இப்போது அந்த மூன்று வாக்கியத்தை நம் கண் சில நொடிகளில் கடந்துவிடுகிறது. இத்தனை வருடத்தில் எத்தனையோ கதைகள், படங்கள் பார்த்தாயிற்று. முகமூடிக்காரன் யார் என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. மேலதிகாரிகளின் மின்னஞ்சலை மேய்ந்து மேய்ந்து பழகிய கண்ணோடு குகைக்குள் போனால், அங்கே என்ன தெரியும்?

அந்தப் பதினோராவது வயது எப்படி இருந்தது என்று மெதுவாகக் கேட்டேன். அந்த வருடம் முழுக்க அவருடைய அப்பா படுக்கையில் இருந்திருக்கிறார். வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது. ஓடக்கூடாது, சிரித்தால்கூட "உஷ்". ராத்திரி போர்வைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு படித்திருக்கிறார். யாரும் "உஷ்" சொல்லாத ஒரே இடம் அந்தக் குகை. மூன்று சந்திப்புகளில் வாயே திறக்காத விஷயம், நான்காவது சந்திப்பில் ஒரு புத்தகத்தின் வழியாக வெளியே வந்தது. அதிலிருந்து, புதிதாக வருகிறவர்களிடம் சின்ன வயதில் என்ன படித்தீர்கள் என்று தவறாமல் கேட்கிறேன்.

களைத்துப்போன நேரத்தில் பழைய புத்தகத்தைத் தேடுவது சின்னப்பிள்ளைத்தனம் என்று சிலர் வெட்கப்படுகிறார்கள். வெட்கமே வேண்டாம். பழைய நாட்களுக்கான ஏக்கத்தை ஒரு காலத்தில் நோயாகவே கருதினார்கள். 'நாஸ்டால்ஜியா' என்ற பெயரையே 1688-ல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டில் உருவாக்கினார், வீட்டு ஏக்கத்தில் உருகிப்போகிறவர்களின் நோய்க்குப் பெயராக. இன்றைய உளவியல் அதை வேறு மாதிரி பார்க்கிறது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வுகளில், மனம் சோர்ந்திருக்கும்போதும் தனிமையாக உணரும்போதும்தான் மக்கள் அதிகமாகப் பழைய நினைவுக்குப் போகிறார்கள் என்று தெரிந்தது. போய்த் திரும்பியதும் மற்றவர்களோடு உள்ள பிணைப்பு கூடுதலாகத் தெரிகிறது, தன்மேல் மதிப்பும் கூடுகிறது. ஆக, உங்கள் கை அந்த அலமாரிப் பக்கம் போனதற்குக் காரணம் இருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். கையில் இருப்பது அதே புத்தகம்தானா? ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'தி ஹாபிட்' என்ற மாயக்கதை 1937-ல் வந்தது. முதல் பதிப்பில், கதாநாயகனோடு நடக்கும் விடுகதைப் போட்டியில் தான் தோற்றால் தன் மாய மோதிரத்தையே பரிசாகத் தருகிறேன் என்கிறது 'கொல்லம்' என்ற குகைவாழ் பிராணி. தோற்றபின் மோதிரம் கிடைக்காததால், மரியாதையாக வழிகாட்டி அனுப்பிவைக்கிறது. பின்னால் எழுதிய பெரிய கதையோடு பொருந்துவதற்காக 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தை டோல்கீன் மாற்றினார். இன்று நாம் படிக்கும் கொல்லம் மோதிரத்தை விட்டுக்கொடுக்காது, கொல்லத்தான் பார்க்கிறது. பள்ளி வயதில் நம் கைக்கு வந்ததோ பெரும்பாலும் சுருக்கிய பதிப்பு, அல்லது மொழிபெயர்ப்பு, அல்லது படம் போட்ட பதிப்பு. "முன்னாடி இப்படி இல்லையே" என்று தோன்றினால் பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கத்தைப் பாருங்கள். உங்கள் நினைவு சரியாகக்கூட இருக்கலாம்.

சரி, அடுத்தது கொஞ்சம் கனமான விஷயம். மறுபடி படிக்கும்போது சலிப்பைவிட அதிகமாக வலிப்பது வேறொன்று: அன்று கண்ணில் படாத வரிகள். குண்டாக இருக்கிற பையன் எல்லாக் காட்சியிலும் கேலிக்கு ஆளாவான். சாகசத்துக்குப் பையன்கள் கிளம்ப, பெண்பிள்ளைகள் கூடாரத்தில் சமைப்பார்கள். கெட்டவர்கள் என்றால் நிறத்தையோ முகவெட்டையோ வைத்தே சொல்லிவிடுவார்கள். ரோல்ட் டாலின் சாக்லேட் தொழிற்சாலைக் கதையில் வேலை செய்யும் குள்ள மனிதர்கள் 1964 முதல் பதிப்பில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்கள். எதிர்ப்பு வந்த பிறகு, 1973 திருத்தப் பதிப்பில்தான் அந்த விவரிப்பு மாறியது.

என்னிடம் வந்த ஒரு பெண், முப்பதுகளில் இருப்பவர், தன் பிரியமான கதைத் தொடரை மகளுக்குப் படித்துக்காட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். பத்து வயதில் அந்தக் கதையின் இளவரசியாகவே தன்னை நினைத்துக்கொண்டு வளர்ந்தவர். இப்போது பார்த்தால் தன் நிறத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அதில் சூனியக்காரிகள். "இதையா நான் அவ்வளவு நேசிச்சேன்? அதைப் படிச்ச காலத்துலதான் கண்ணாடி முன்னாடி நிக்கவே பிடிக்காம இருந்தேன்" என்று அழுதார்.

'அந்தக் காலம் அப்படி, விடுங்கள்' என்று இதை முடித்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. அந்த வரிகள் அன்று கண்ணில் படவில்லை, ஆனால் உள்ளே போயிருக்கின்றன. அதே சமயம், அந்தச் சிறுமி ஏமாந்துவிட்டாள் என்றும் நான் சொல்ல மாட்டேன். தனக்குத் தேவையான தைரியத்தை அவள் அந்தக் கதையிலிருந்துதான் எடுத்துக்கொண்டாள். எழுதியவர் அவளை மனதில் வைக்காவிட்டாலும் இளவரசியின் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அந்த அன்பும் உண்மை, அந்தக் காயமும் உண்மை. ஒன்றை வைத்து மற்றொன்றை அழிக்கத் தேவையில்லை. சில வாரம் கழித்து மகளுக்கு மறுபடி படித்துக்காட்டத் தொடங்கினார். சூனியக்காரி வந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்து, "இதை எழுதினவங்க இங்க தப்புப் பண்ணிட்டாங்க, ஏன் தெரியுமா?" என்று மகளோடு பேசினாராம். பிள்ளைக்குக் கொடுக்கும்முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுவதும், அந்த இடம் வரும்போது பக்கத்தில் இருப்பதும் நல்லது.

பிள்ளைக்கு அந்தப் புத்தகம் பிடிக்காமல் போகலாம், அதற்கும் தயாராக இருங்கள். கொட்டாவி விட்டால் மூடி வைத்துவிடுங்கள். அது உங்கள் குகை, அவர்களுடையது அல்ல.

வேறு சிலருக்கு மறுவாசிப்பு எதிர்பாராத கதவைத் திறக்கிறது. பிள்ளைகள் வீட்டைவிட்டுக் காட்டுக்குக் கிளம்பிப்போகும் கதை ஒன்றில், அம்மா இரண்டே பக்கம்தான் வருகிறார். சின்ன வயதில் அந்த இரண்டு பக்கத்தைத் தாவிக் குதித்துக் காட்டுக்குள் ஓடிய ஒருவர், தன் மகன் படிக்க வெளிநாடு போன மாதத்தில் மறுபடி அதைப் படித்தார். காட்டுக்குள் போகவே முடியவில்லையாம். வாசலில் நிற்கிற அம்மாவிடமே நின்றுவிட்டாராம்.

மறுபடி படிப்பது என்று முடிவு செய்தால், முதலில் புத்தகத்தைத் திறக்காமல் உங்களுக்கு நினைவிருக்கும் காட்சியை ஒரு தாளில் எழுதிவையுங்கள், அல்லது வரைந்துவையுங்கள். அது உங்களுடையது, புத்தகம் எப்படி இருந்தாலும் அது போகாது. அப்புறம் ஒரு இரவுக்கு ஒரு அத்தியாயம், அதற்கு மேல் வேண்டாம். முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள். நான் பார்த்தவரையில் அதிகம் உதவுவது இதுதான், ஏனென்றால் நாக்கால் வரியைத் தாவ முடியாது. போன் வேறு அறையில் இருக்கட்டும். அப்படியும் ஒட்டவில்லையா, விட்டுவிடுங்கள். வேறொரு வருடத்தில் ஒட்டலாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒரு புத்தகம் மட்டும் ருசிக்கவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. பாட்டு, நண்பர்கள், பிள்ளைகளோடு விளையாட்டு, பிடித்த வேலை என்று எதிலுமே ஈடுபாடோ சந்தோஷமோ இல்லாமல், நாளின் பெரும்பகுதி, கிட்டத்தட்ட தினமும், இரண்டு வாரத்துக்கு நீடித்தால் அது மனச்சோர்வு நோயின் முக்கியமான அறிகுறி. தூக்கம், பசி, கவனம் ஆகியவையும் கெட்டிருந்தால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்கவே கூடாது, அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. முடிவு தெரிந்த கதை பதற்றத்தைத் தணிக்கும். ஒரே புத்தகத்தைப் பத்து முறை படிப்பதில் தவறே இல்லை. ஆனால் தூக்கத்தை விட்டு, வேலையை விட்டு, எடுக்க வேண்டிய அழைப்புகளை எடுக்காமல் அதற்குள்ளேயே இருந்தால், எதைப் பார்க்காமல் இருக்க அங்கே போகிறோம் என்று ஒருவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

குகைக்காரரிடம் இதையெல்லாம் விசாரித்தேன். மகளோடு பேசும்போது சிரிக்கிறார், பழைய பாட்டுகளை இன்னும் ரசிக்கிறார். அவரிடம் எதுவும் செத்துப்போகவில்லை. தூக்கமில்லாத, ஓய்வில்லாத, அப்பாவின் அந்த வருடத்தைப் பற்றி யாரிடமும் பேசாத மனிதர், அவ்வளவுதான். தூக்கத்துக்கான வழிமுறைகளை வேலைப்பளுவுக்கு ஏற்ப மாற்றினோம். அந்த வருடத்தைப் பற்றிப் பல வாரங்கள் பேசினோம். நீல வெளிச்சமும் வௌவால்களும் ஒளிரும் விரல்களுமாக அவர் ஒரு தாளில் வரைந்த குகை, இப்போது அந்தப் புத்தகத்தில் மூன்று வாக்கியங்கள் உள்ள பக்கத்துக்குள் இருக்கிறது.

போன சந்திப்பில் ஒன்பதாவது அத்தியாயத்தில் இருந்தார். பையனை ஆற்றின் மறுகரைக்குக் கொண்டுபோய் விடும் ஒரு வயதான படகுக்காரர் அதில் வருகிறார். இருமிக்கொண்டே துடுப்புப் போடுகிறார், கூலி கேட்பதில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். "இத்தனை தடவை படிச்சிருக்கேனே மேடம். இவர் இந்தக் கதையில இருந்தாரா?"