ஆஸ்கஸ்: கொல்லன் பட்டறையில் கிடக்கும் சொல்

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தால், அம்பாசமுத்திரம் பக்கம் கொல்லையில் கிடக்கும் மாமரக் கட்டையில் விரல் விரலாக ஒன்று முளைக்கும். வீட்டில் ‘பூசணம் பிடிச்சிட்டு’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது சைலேரியா என்னும் மரப்பூஞ்சை. ஆஸ்கஸ் என்ற அதன் உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்து, அதற்கொரு தமிழ்ச்சொல் தேடுவதுதான் இங்கே வேலை. (இதற்காக முண்டந்துறைக் காட்டுக்குள் போக வேண்டாம், அங்கே எடுக்க அனுமதி வேண்டும். கொல்லைக் கட்டையே போதும்.)

வெள்ளைப் பொடி படிந்த இளம் விரலை எடுத்து நான் பல நாள் ஏமாந்திருக்கிறேன். பொடி உதிர்ந்து, கறுத்து, மேலே நுண்புள்ளிகள் தெரிகிற முற்றிய விரல்தான் வேண்டும். சவர பிளேடால் மெல்லிசாக ஒரு சீவல், ஒரு சொட்டுத் தண்ணீர், மேலே கவர் ஸ்லிப் என்னும் மெல்லிய கண்ணாடி, பெருவிரலால் ஓர் அழுத்தம். 400 மடங்கில் பார்த்தால் நீண்ட பைகள் தெரியும். ஒவ்வொன்றிலும் பழுப்பு வித்துகள் (ஸ்போர்) 8, வரிசையாக. வித்தின் நீளவாக்கில் ஒரு கீறல். மெல்சர் என்னும் அயோடின் கரைசலை விட்டால் பையின் நுனியில் குட்டி அடைப்பு ஒன்று நீலமாகும். கீறலும் நீலமும் இனம் காண உதவும் அடையாளங்கள்.

அந்தப் பைதான் ஆஸ்கஸ். கிரேக்கத்தில் ஆஸ்கோஸ் என்றால் திராட்சரசம் ஊற்றி வைக்கும் தோல்பை. தமிழில் ‘பை’ என்றே சொல்வதுண்டு. தப்பில்லை, ஆனால் மஞ்சப்பையும் பைதானே! ஆஸ்கஸ் சும்மா கிடப்பதில்லை. உள்ளே அழுத்தம் ஏறி, நுனி திறந்து, வித்துகளைப் பீய்ச்சி அடிக்கும்.

எனக்குப் பிடித்த சொல் துருத்தி. பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிற யாரைக் கேட்டாலும் தெரியும்: புதுத் திராட்சரசத்தைப் பழந்துருத்தியில் வார்த்தால் துருத்தி கிழியும். மத்தேயு 9:17. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது இதே ஆஸ்கோஸ்தான். ஆக, மொழிபெயர்ப்பு எப்போதோ முடிந்துவிட்டது. நுண்ணோக்கிப் பக்கம் யாரும் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான்.

கொல்லன் உலையை ஊதுவதும் துருத்திதான். கிண்ணப் பூஞ்சை சிலவற்றின் மேல் மூச்சுக்காற்று பட்டாலே ஆயிரக்கணக்கான ஆஸ்கஸ்கள் ஒன்றாக வெடித்து, புகை போல வித்து கிளம்பும். பை என்ற சொல்லில் அந்த ஊதல் இல்லை. வெடிக்கும் முன் பல ஆஸ்கஸ்கள் நீண்டு வெளியே துருத்திக்கொண்டு நிற்பது கூடுதல் பொருத்தம். ஆற்று நடுத் திட்டுக்கும் துருத்தி என்று பெயருண்டு, திருப்பூந்துருத்தி போல. அது வேறு கதை.

குடைக்காளானுக்கு இந்தச் சொல் ஆகாது. அங்கே வித்து பைக்குள் இல்லை, பெசிடியம் என்ற சிறு பீடத்தின் மேல், பெரும்பாலும் நாலாக, வெளியே உட்கார்ந்திருக்கும்.

தெருக்கோடிக் கொல்லாசாரியைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் காட்டினேன். வெகுநேரம் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“துருத்தின்னு சொல்லுதீரு, காத்து எங்கவே இருக்கு?”

“காத்து இல்ல அண்ணாச்சி. பூராவும் தண்ணிதான் தள்ளுது.”