தன்னை, தனக்கு: தன்னறிவும் தன்னலமும் பிரியும் இடம்

கதவைத் தட்டுகிறோம். உள்ளேயிருந்து "யாரது?" என்று குரல் வருகிறது. "நான்தான்" என்கிறோம். குரலை வைத்து ஆளைப் பிடிக்க முடியாவிட்டால்தான் பெயரைச் சொல்கிறோம். இந்தச் சின்ன வழக்கத்தைப் பிருகதாரண்யக உபநிடதம் கவனித்து எழுதி வைத்திருக்கிறது. ஆதியில் ஆத்மா மட்டுமே இருந்தது, சுற்றிப் பார்த்தது, தன்னைத் தவிர வேறெதுவும் இல்லை, 'நான் இருக்கிறேன்' என்பதே அது பேசிய முதற்பேச்சு. அதனால்தான் இன்றும் ஒருவரைக் கூப்பிட்டால் 'இது நான்' என்று முதலில் சொல்லிவிட்டு, தனக்குள்ள வேறு பெயரை அப்புறம் சொல்கிறார் என்கிறது அதன் முதல் அத்தியாயம்.

ஆக, இந்த மரபில் 'நான்' என்பது பிறக்கும்போதே கெட்ட சொல்லாகப் பிறக்கவில்லை. ஆனால் நாம் கேட்டு வளர்ந்ததோ "நான் என்ற அகங்காரம் கூடாது" என்ற ஒற்றை வரி. அதோடு "உன்னை அறி" என்ற இன்னொரு வரியும் காதில் விழுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற எவருக்கும் ஒரு சந்தேகம் வரும்: எந்நேரமும் தன்னையே ஆராய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒரு வகைச் சுயநலம்தானே? நியாயமான கேள்விதான். குழப்பத்தில் பாதி, சொற்களால் வந்தது.

முதலில் அகங்காரம். வடமொழியில் அஹம் என்றால் நான். காரம் என்பது 'செய்' எனப் பொருள்படும் வேரிலிருந்து வந்தது. 'நான்-ஆக்கம்' என்று நேராகச் சொல்லலாம். ஓங்காரம் என்றால் ஓம் என்று ஒலிப்பது. அதே அச்சில் அகங்காரத்தை 'நான் என்று உரைத்தல்' எனக் கொள்வோரும் உண்டு. எனக்கு இந்த இரண்டாவது பொருள் பிடித்திருக்கிறது, கதவருகே நாம் செய்வது அதைத்தானே. பழைய இந்தியத் தத்துவப் பிரிவான சாங்கியத்தின் 25 தத்துவங்களில் அகங்காரமும் ஒன்று. மூல இயற்கையான பிரகிருதியிலிருந்து புத்தி, புத்தியிலிருந்து அகங்காரம், அதிலிருந்து மனமும் பொறிகளும், ஒலி, சுவை போன்ற நுண்பொருள்களான தன்மாத்திரைகளும் என்று வரிசை போகிறது. அங்கே அது குணக்கேடே இல்லை, ஓர் உறுப்பு மாதிரி. ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை அதற்குத் தரும் இலக்கணம் ஒரே சொல்: அபிமானம். 'இது நான், இது என்னைச் சேர்ந்தது' என்று ஒட்டிக்கொள்வது.

அகங்காரம் என்றால் திமிர் என்று நாம் பொருள் கொள்வது பின்னால் வந்த வழக்கு. கீதையின் பதினாறாம் அத்தியாயம் அசுர இயல்பைப் பட்டியலிடும்போது அகங்காரம், பலம், தர்ப்பம் என்று அடுக்குகிறது. தர்ப்பம்தான் திமிர். இரண்டும் ஒன்றாக இருந்தால் அடுத்தடுத்து இரண்டு முறை சொல்லியிருக்க வேண்டியதில்லை. மிகவும் பணிவான, குரலே உயர்த்தாத மனிதரிடமும் அகங்காரம் இருக்கும். 'என்னைப் போலப் பணிவானவர் யார்' என்று அது உள்ளே உட்கார்ந்திருக்கும்.

இங்கே எழுத்து செய்த குழப்பம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அஹம் தமிழில் அகம் என்று எழுதப்படுகிறது. நம் அகமோ வேறு. அது உள், மனம், வீடு. புறத்துக்கு எதிர்ச்சொல். இரண்டும் ஒரே எழுத்தில் நிற்பதால், அகந்தை என்றால் 'அகத்தில் இருக்கும் தீமை' என்றெல்லாம் மேடையில் விளக்கம் சொல்கிறார்கள். அகந்தை என்பது அஹந்தா, அதாவது நான்-தன்மை. அகத்துக்கும் அதற்கும் உறவில்லை.

சுயநலத்தின் கதை இன்னும் வேடிக்கை. சுயம் வடசொல், நலம் தமிழ், கலப்பு மணம். நல்ல தமிழில் தன்னலம். வடமொழியில் இதற்கு ஸ்வார்த்தம். இந்தியில் இன்று சுயநலத்துக்கு வழங்கும் வசைச்சொல் அது. ஆனால் பதஞ்சலியின் யோக சூத்திரத்தில், விபூதி பாதத்தில், இதே ஸ்வார்த்தம் முற்றிலும் வேறு வேலை செய்கிறது. புத்தி பிறர்பொருட்டு இயங்குவது, பரார்த்தம். சாட்சியாக நிற்கும் ஆன்மாவான புருஷன் எதற்கும் கருவியாகாமல் தன்பொருட்டே இருப்பது, ஸ்வார்த்தம். அந்த ஸ்வார்த்தத்தின்மேல் மனத்தை ஒருமுகப்படுத்தினால் புருஷ ஞானம் கிட்டும் என்கிறார். சந்தையில் வசவு, சூத்திரத்தில் ஞானவாசல்.

தமிழில் இதைவிடத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அகராதியைவிட இலக்கணம் அதற்கு உதவும். தன்னறிவு, தன்னலம் இரண்டிலும் இருப்பது 'தன்'. தான் என்ற பெயர் வேற்றுமை ஏற்கும்போது தன் என்று குறுகும். வடமொழியின் ஆத்மா என்ற சொல்லும் இப்படித்தான். தத்துவம் பேசாத இடங்களில் அதற்குத் 'தான்' என்றுதான் பொருள். இப்போது உருபுகளைச் சேர்த்துப் பாருங்கள். 'தன்னை' என்னும்போது தான் பார்க்கப்படும் பொருளாக நிற்கிறது. 'தனக்கு' என்னும்போது உலகமெல்லாம் வந்து கொட்டும் இடமாக நிற்கிறது. 'தன்னால்' என்றால் செய்கிறவன். 'தனது' என்றால் உடைமைக்காரன். தன்னறிவு இரண்டாம் வேற்றுமை, தன்னலம் நான்காம் வேற்றுமை. 'எல்லாம் என்னால் நடக்கிறது' என்பது மூன்றாம் வேற்றுமை. இயற்கையின் குணங்கள் செய்யும் வேலையை அகங்காரத்தால் மயங்கியவன் 'நானே செய்கிறேன்' என்று எண்ணுகிறான் என்று கீதையின் மூன்றாம் அத்தியாயம் சொல்வது இதைத்தான். கடைசியில் சொன்ன 'தனது' மமகாரம், 'மம' என்றாலே எனது.

உருபை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதிவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் தன்னலம் இல்லை. 'தன்னால் தன்னை உயர்த்திக்கொள்ள வேண்டும்' என்று அதே கீதை ஆறாம் அத்தியாயத்தில் சொல்லும் 'தன்னால்' அகங்காரமும் இல்லை. ஆனாலும் மனம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பார்க்க இந்த உருபுகள் உதவும்.

ஒருவர் காலையில் அரைமணி நேரம் தியானத்தில் உட்கார்கிறார் என்று வையுங்கள். பக்கத்து அறையில் பாத்திரம் விழுகிறது. சுருக்கென்று எரிச்சல் எழுகிறது. 'எரிச்சல் வந்திருக்கிறது' என்று அதைப் பார்க்கிறார். அந்தக் கணம் 'தன்னை'. அடுத்த மூச்சிலேயே 'பரவாயில்லை, எவ்வளவு சீக்கிரம் கவனித்துவிட்டேன்' என்று ஒரு குறுகுறுப்பு, 'தன்னால்' வந்தாயிற்று. கண்ணைத் திறந்ததும் "நான் உட்கார்ந்திருக்கும்போது யாரும் சத்தம் போடக் கூடாது" என்று வீட்டுக்குச் சட்டம் போடுகிறார், 'தனக்கு'. மூன்றும் ஒரே ஆளிடம், சில நிமிடங்களுக்குள்.

இந்தத் திருப்பத்தை எதிர்த்திசையில் நடத்திக் காட்டியவர், அதே பிருகதாரண்யக உபநிடதத்தில் வரும் முனிவர் யாக்ஞவல்கியர். இல்லறத்தை விட்டுப் புறப்படும் அவர், சொத்தை இரு மனைவியருக்கும் பிரித்துக் கொடுக்க நினைக்கிறார். அவர்களில் ஒருத்தியான மைத்ரேயி கேட்கிறாள்: செல்வம் நிறைந்த பூமி முழுவதும் எனக்கே கிடைத்தாலும் அதனால் நான் சாகாநிலை பெறுவேனா? இல்லை என்கிறார். பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற வரிகள். கணவனின் பொருட்டுக் கணவன் இனியவன் ஆவதில்லை, ஆத்மாவின் பொருட்டே இனியவன் ஆகிறான்; மனைவியும் அப்படியே, மக்களும் அப்படியே, செல்வமும் அப்படியே. இங்கேயே நிறுத்திவிட்டால் 'எல்லோரும் சுயநலக்காரர்கள்தான்' என்ற சலிப்பான முடிவு மாதிரி இருக்கும். பலர் இங்கேதான் நிறுத்துகிறார்கள். அவரோ நிறுத்தவில்லை. அப்படியானால் அந்த ஆத்மாவைத்தான் காண வேண்டும், கேட்க வேண்டும், சிந்திக்க வேண்டும், தியானிக்க வேண்டும் என்று போகிறார். 'தனக்கு' என்று தொடங்கிய வாக்கியம் 'தன்னை' என்று திரும்பிவிட்டது. அப்படித் தேடிப் போனால் அங்கே கிடைப்பது ஒரு தனியாளின் ஆத்மா அல்ல. இவையெல்லாம் ஆத்மாவே என்று சொல்கிறார். அனைத்தும் தானான பிறகு தன்னலம், பிறர்நலம் என்று பங்கு பிரிக்க எங்கே கோடு போடுவது?

திருமூலர் இரண்டு உருபையும் ஒரே அடியில் வைத்தார்: "தன்னை அறியத் தனக்கொரு கேடில்லை, தன்னை அறியாமல் தானே கெடுகின்றான்." அப்பரோ "தன்னை மறந்தாள் தன் நாமங் கெட்டாள்" என்று பாடினார். ஒருவர் அறி என்கிறார், மற்றவர் மறந்ததைக் கொண்டாடுகிறார். அப்பர் பாட்டின் தலைவி இழந்தது எது என்று அடுத்த இரு சொற்கள் சொல்லிவிடுகின்றன: தன் நாமம். கதவருகே இரண்டாவதாகச் சொன்னோமே, அந்தப் பெயர்.

சைவ சித்தாந்தத்துக்கு வந்தால் இரண்டு சொற்கள் நம்மைத் தடுமாற வைக்கும். ஒன்று ஆணவம். பேச்சு வழக்கில் அது இறுமாப்பு. சித்தாந்தத்தில் அது உயிரைச் சிறியதாக, அணுப்போல ஆக்கிவிடும் மலம், அதாவது உயிரைப் பற்றிய அழுக்கு. உமாபதி சிவம் திருவருட்பயனில் அதை இருளோடு ஒப்பிடுகிறார்: இருள் வேறு எதையும் காட்டாவிட்டாலும் தன்னையாவது காட்டும், ஆணவம் பிற பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. ஆணவக்காரருக்குத் தம் ஆணவம் தெரியாமல் இருப்பதன் காரணம் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லப்பட்டு நான் படித்ததில்லை. இன்னொன்று தற்போதம். தன் + போதம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் தன்னறிவு. ஆனால் சித்தாந்தத்தில் அது 'நான் அறிகிறேன், நான் செய்கிறேன்' என்ற முனைப்பு. சிவபோதம், அதாவது சிவனை அறியும் அறிவு நிலைபெற, அது கழல வேண்டும். தன்னறிவு என்று எண்ணித் தற்போதம் என்று எழுதினால், மருந்தின் சீட்டை நோயின் மேல் ஒட்டினதாக ஆகிவிடும்.

எனவே எழுதும்போது நான் கையாளும் சொற்கள் இவை. உளவியல் பேசும்போது தன்னுணர்வு. ஆன்மிகம் பேசும்போது தன்னறிவு அல்லது தன்னை அறிதல். 'சுய விழிப்புணர்வு' எனக்குப் பிடிக்கவில்லை. சாலைப் பாதுகாப்புப் பேரணி நினைவுக்கு வருகிறது. சுயநலத்துக்குத் தன்னலம். அகங்காரத்துக்குத் தன்முனைப்பு. திமிர், இறுமாப்பு என்று எழுதினால் பாதிப் பொருள் கீழே விழுந்துவிடும். அகங்காரம், மமகாரம் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வள்ளுவர் வழியே போதும்: "யான் எனது என்னும் செருக்கு".

'தான்' எந்தப் பக்கம் சாயும் என்பதைக் காட்ட இன்னொரு குறளும் அவரிடம் உண்டு. தவம் என்ற அதிகாரத்தில், "தன்னுயிர் தான்அறப் பெற்றானை ஏனைய மன்னுயிர் எல்லாம் தொழும்." இதில் 'தான்அற' என்பதற்குப் பரிமேலழகர் கொண்ட பொருள், தன் உயிரைத் தான் தனக்கு உரித்தாகப் பெறுவது. மு.வ. கொண்டதோ, தான் என்னும் பற்று நீங்கப் பெறுவது. 'அற' என்றால் முழுக்க என்றும் பொருள், அற்றுப்போக என்றும் பொருள். ஒரு உரையில் தான் முழுதாகக் கிடைக்கிறது, இன்னொன்றில் தான் இல்லாமலே போகிறது.