படகின் ஏசி எந்தக் காற்றை இழுக்கிறது?

நெடும்பயணப் பாய்மரப் படகுகளில் ஏசி பொருத்துவது என் தொழில். என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றியவை: எத்தனை பி.டி.யு. (குளிரூட்டும் திறனின் அளவு) தேவை, எவ்வளவு மின்சாரம் எடுக்கும், எந்த மாடல் சத்தம் போடாது. குளிர்ந்த காற்றைக் கொண்டுபோகும் குழாயான டக்ட்டைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. இயந்திரத்தை வாங்கி உட்கார வைத்துவிட்டால், குழாய் ஏதாவது ஒரு சந்து வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால், குளிரவில்லை என்று கூப்பிட்ட படகுகளில் நான் அதிகம் கண்டது நன்றாக ஓடும் இயந்திரமும் தவறான காற்றுப் பாதையும்தான். காற்று போகும் வழி தவறினால் இரவு புழுக்கத்தில் கழியும். காற்று வரும் வழி தவறினால் உறங்குபவரின் உயிருக்கே ஆபத்து. இந்த இரண்டாவது தவறைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். முதலாவதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு படகுக்கு என்னை அழைத்தார்கள். பின்புறக் கேபினில் 7000 பி.டி.யு. ஏசி ஒன்று வேறொருவரால் பொருத்தப்பட்டிருந்தது. நங்கூரமிட்டு நிற்கும் இரவுகளில், கைப்பிடியுள்ள சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரைப் படகின் பின்தளத்தில் வைத்து ஏசியை ஓட்டிவந்தார்கள். ஏசி சரியாகக் குளிரவில்லை என்பதுதான் புகார். பேச்சின் இடையில், அந்தக் கேபினில் படுக்கும் படகுக்காரரின் மனைவிக்குக் காலையில் எழும்போது தலைவலியும் குமட்டலும் இருப்பதாகவும், கடல் ஒத்துக்கொள்ளாமல்தான் அப்படி இருக்கிறது என்றும் சொன்னார்கள். நங்கூரமிட்ட அமைதியான நீரில் கடல் மயக்கம் வருவது எனக்கு உறுத்தியது. கட்டிலின் மெத்தையை எடுத்துவிட்டு, அதன் அடியில் ஏசி இருந்த லாக்கர் எனப்படும் பெட்டியறையின் மூடியைத் திறந்து, காற்றை ஊதும் விசிறியான ப்ளோவரை ஓடவிட்டு, மெல்லிய டிஷ்யூ காகிதத்தின் ஒரு கீற்றை லாக்கரின் பின்சுவரில் ஒயர்கள் நுழையும் துளைக்கு முன் பிடித்தேன். வெளியிலிருந்து ஊதியதுபோல அந்தக் கீற்று லாக்கரின் உட்புறமாக நீண்டு நின்றது. அந்தத் துளைக்கு அப்பால் இருந்தது, படகை ஓட்டுபவர் அமரும் இடமான காக்பிட்டின் லாக்கர். காக்பிட் லாக்கரின் காற்றுத் துவாரங்கள் திறந்திருந்த பக்கத்தில், இரண்டு முழத் தூரத்தில் ஜெனரேட்டரின் புகைவாய். அந்தப் பெண் எத்தனை இரவுகள் அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டே உறங்கியிருப்பார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இது எப்படி நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, இயந்திரத்தின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். படகுகளில் பொருத்தப்படும் ஒற்றைப் பெட்டி ஏசிகளில் கம்ப்ரஸர், கடல்நீரால் குளிரும் கண்டன்சர், குளிர்ச்சுருள், ப்ளோவர் எல்லாம் ஒரே தட்டின் மேல் இருக்கும். ப்ளோவர் குளிர்ச்சுருளின் வழியாகக் காற்றை இழுத்து, டக்ட்டுக்குள் தள்ளுகிறது. எனவே டக்ட்டுக்குள் அழுத்தம் சற்றே கூடுதலாகவும், இயந்திரம் இருக்கும் லாக்கருக்குள் சற்றே குறைவாகவும் இருக்கும். டக்ட்டில் ஓட்டை இருந்தால் குளிர்ந்த காற்று வெளியே கசியும். அது நஷ்டம், அவ்வளவுதான். லாக்கரில் ஓட்டை இருந்தால் வெளியே உள்ளது எதுவோ அது உள்ளே வரும். அறைக் காற்று இயந்திரத்துக்குத் திரும்பி வரும், கேபினை நோக்கிய ரிட்டர்ன் கிரில் போதிய அளவில் இருந்தால் பெரும்பகுதிக் காற்று அதன் வழியாக வந்துவிடும். கிரில் சிறியதாகவோ, ஃபில்டர் தூசியால் அடைபட்டோ இருந்தால், ப்ளோவர் தனக்குத் தேவையான காற்றை மற்ற எல்லா இடுக்குகளிலிருந்தும் இழுத்துக்கொள்ளும். அந்தப் படகில் இரண்டுமே நடந்திருந்தன. ஃபில்டர், கம்பளித் துணிபோலத் தூசி படிந்து கிடந்தது.

வீட்டுச் சுவரைவிடப் பாய்மரப் படகின் உட்புறத்தில் இடுக்குகள் மிக அதிகம். கட்டிலுக்கும் இருக்கைக்கும் கீழே உள்ள லாக்கர்கள் தனித்தனிப் பெட்டிகள்போலத் தோன்றினாலும், அவற்றின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று விட்ட துளைகள் நேராக பில்ஜ் எனப்படும் அடிப்பள்ளத்துக்குத் திறக்கின்றன. படகின் உடலுக்கும் உள்புற மரவேலைக்கும் நடுவே உள்ள வெற்றிடம் முன்முனையிலிருந்து எஞ்சின் அறைவரை ஒரே பாதையாகப் போகும். ஒயர், தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய் ஆகியவற்றுக்காக ஆண்டுக்கணக்கில் பலரும் போட்ட துளைகள் வேறு. எஞ்சின் புகை மட்டுமா? சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பில்ஜில்தான் தேங்கும். பேட்டரிகள் சார்ஜ் ஆகும்போது வெளியிடும் வாயு, டீசல் வாடை, கழிவுநீர்த் தொட்டியின் நாற்றம் ஆகிய அனைத்தும் இந்த வெற்றிடங்களில்தான் உலவுகின்றன. ஏசியின் ப்ளோவர் அவற்றைத் திரட்டி, குளிர்வித்து, உறங்குபவரின் முகத்துக்கு நேராக ஊதிவிடும்.

இவற்றுள் கார்பன் மோனாக்சைடுதான் கொடியது. நிறமும் மணமும் இல்லாதது. எடையும் காற்றை ஒட்டியே இருப்பதால் ஓரிடத்தில் தங்காமல் எங்கும் கலந்துவிடும். இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இதைப் பிடித்துக்கொள்வதால், குறைந்த அளவுகூட மணிக்கணக்கில் சுவாசித்தால் உடலில் சேர்ந்துகொண்டே போகும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகிய அறிகுறிகள் கடல் மயக்கத்துக்கும் பொருந்துவன என்பதால் படகில் இருப்பவர்கள் இதைத் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். 1977-இல் ஆஸ்திரேலிய ஓபன் பட்டம் வென்ற டென்னிஸ் வீரர் விட்டாஸ் ஜெருலைட்டிஸ், 1994 செப்டம்பரில், நாற்பது வயதில், நியூயார்க் மாநிலத்தில் நண்பர் ஒருவரின் விருந்தினர் குடிலில் உறங்கும்போது இறந்தார். நீச்சல் குளத்தின் ஹீட்டர் சரியாகப் பொருத்தப்படாததால் வெளியான கார்பன் மோனாக்சைடு, ஏசி அமைப்பின் வழியாகவே அந்தக் குடிலுக்குள் வந்திருந்தது. அது தரையில் நடந்தது. எஞ்சினும் கட்டிலும் ஒரு பலகைத் தடுப்பின் இரு பக்கங்களில் இருக்கும் படகில் அந்த ஆபத்து எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டீசல் எஞ்சினைவிடப் பெட்ரோல் எஞ்சின் பல மடங்கு அதிக கார்பன் மோனாக்சைடை வெளியிடும். ஏசிக்காகப் பின்தளத்தில் பெட்ரோல் ஜெனரேட்டரை வைத்துக்கொண்டு உறங்கப் போவதை நான் எவருக்கும் அனுமதிக்க மாட்டேன்.

ஆகவே, ஏசி எங்கே வைக்கப்படும் என்று முடிவானதும் நான் செய்யும் முதல் வேலை, அந்த லாக்கரை மூடுவது. எஞ்சின் அறையிலும் பில்ஜிலும் ஏசியை வைக்கவே கூடாது. லாக்கரின் அடியில் உள்ள வடிதுளைகளை எபாக்ஸி என்ற பிசின் பூசிய ஒட்டுப்பலகையால் அடைப்பேன். அதனால் தண்ணீர் தேங்கும் என்றால் அந்த லாக்கரையே விட்டுவிட்டு வேறிடம் தேடுவேன். ஒயர் நுழையும் துளைகளில் ரப்பர் கழுத்து வைத்து, தீயில் எளிதில் பற்றாத அடைப்புப் பசையான சீலண்ட்டால் நிரப்புவேன். முடிந்த பிறகு எல்லா மூடிகளையும் போட்டு, ரிட்டர்ன் கிரில்லை அட்டையால் பாதி மறைத்து, ப்ளோவரை முழு வேகத்தில் ஓட்டி, டிஷ்யூ கீற்றுடன் ஒவ்வொரு மூலையாகப் போவேன். கிரில்லைப் பாதி மறைப்பது வேண்டுமென்றேதான். அடைபட்ட ஃபில்டரோடு படகு ஓடும் நாளில் என்ன ஆகும் என்பதை அன்றே பார்த்துவிட வேண்டும்.

பலரும் மறக்கும் இன்னொரு வாசல் உண்டு. குளிர்ச்சுருளில் படியும் ஈரம், அடியில் உள்ள தட்டில் சேர்ந்து ஒரு குழாய் வழியாக வடிகிறது. ஈரமான வெப்பக் காற்றில் 12,000 பி.டி.யு. இயந்திரம் ஒன்று மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வடிக்கும். அந்தக் குழாயின் மறுமுனையைச் சிலர் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று எஞ்சின் அறைக்குள் விட்டுவிடுகிறார்கள். தட்டு இருப்பதும் குறைந்த அழுத்தப் பகுதியில்தான் என்பதால், தண்ணீர் வடியாத நேரத்தில் அதே குழாய் எஞ்சின் அறைக் காற்றை மேலே உறிஞ்சும். குழாயில் யு வடிவ வளைவு வைத்தால் அதில் நிற்கும் தண்ணீர் காற்றைத் தடுக்கும் என்பது உண்மையே; ஆனால் பாய்மரப் படகு ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடும்போது அந்தத் தண்ணீர் வெளியேறிவிடலாம், சில வாரங்கள் ஏசி ஓடாவிட்டால் உலர்ந்தும் போகலாம். எனவே வளைவை மட்டும் நம்ப வேண்டாம். மூடிய தொட்டியும் பம்பும் உள்ள அமைப்பில் வடியவிடுவதே நல்லது. நேராக வெளியே விடுவதானால், எஞ்சின் அல்லது ஜெனரேட்டரின் புகைவாயிலிருந்து குறைந்தது 0.9 மீட்டர் விலகியிருக்க வேண்டும்.

இனி, குளிர்ந்த காற்று போகும் பாதை. இதில் நான் காணும் தவறுகள் எல்லாம் கணக்கில் தொடங்குகின்றன. குழாயின் விட்டத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். காற்றுக்குத் தேவைப்படுவது பரப்பு. ஆறு அங்குலக் குழாயின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 28 சதுர அங்குலம். அதை மூன்று அங்குலக் குழாய்கள் மூன்றாகப் பிரித்தால் தாராளமாக இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் கிடைப்பது 21 மட்டுமே. நான்கு குழாய்கள் போட்டால்தான் பரப்பு சமமாகும். அப்போதும் சிறிய குழாய்களில் உராய்வு அதிகம். நான்கு அங்குலக் குழாய்கள் இரண்டு என்றால் 25. ஓட்டம் குறுகியதாக இருந்தால் அதை நான் ஏற்றுக்கொள்வேன். குழாயைச் சப்பையாக்கி ஒரு சந்தில் நுழைப்பது இன்னொரு வழக்கம். ஆறு அங்குலக் குழாயை மூன்று அங்குல உயரத்துக்கு நசுக்கினால் பரப்பில் கால்பங்கு போய்விடும்; இரண்டு அங்குலத்துக்கு நசுக்கினால் ஏறக்குறைய பாதி போய்விடும். அலமாரிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத அந்த ஒரு சாண் தூரம் இயந்திரத்தின் திறன் முழுவதையும் வீணாக்கிவிடும்.

வளையும் டக்ட்டை இழுத்து நீட்டிப் பொருத்த வேண்டும். மிச்சத்தை வெட்டி எறிய வேண்டும். பிறகு உதவும் என்று சுருட்டி உள்ளே விட்ட ஒரு மீட்டர், உட்புறம் முழுவதும் மடிப்பு மடிப்பாக நின்று காற்றைத் தடுக்கும். டக்ட்டின் முனையை இணைப்பு வளையத்தில் மாட்டும்போது வெளியுறையான காப்புப் பஞ்சைப் பின்னுக்குத் தள்ளி, உள்குழாயை வளையத்தின் மேல் கடைசிவரை ஏற்றி, துருப்பிடிக்காத ஸ்க்ரூக்கள் மூன்று நான்கை அதன் சுருள் கம்பியைப் பிடிக்கும்படி முடுக்கி, டேப் சுற்றி, பஞ்சை மீண்டும் வளையம்வரை இழுத்து அதற்கும் டேப் போட வேண்டும். வெறும் க்ளாம்ப் போட்டால், கடல் குலுக்கலில் குழாய் மெல்ல நழுவிக் கழன்றுவிடும். பஞ்சு ஓரங்குலம் திறந்திருந்தாலும் அங்கே ஈரம் வியர்த்து, உறைக்குள் இறங்கி, சில மாதங்களில் கறுப்புப் பூஞ்சையாகும். அந்தப் பூஞ்சை வாடையைப் படகின் இயல்பான வாடை என்று எண்ணிச் சகித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: அந்தச் சுருள் கம்பி இரும்பாக இருந்தால், லாக்கர்களுக்குள் மறைவாக வைக்கப்படும், படகைத் தானாகச் செலுத்தும் ஆட்டோபைலட்டின் திசைகாட்டி உணரிக்கு அருகே கொண்டுபோகாதீர்கள்.

பல்க்ஹெட் எனப்படும் குறுக்குச் சுவர்களில் துளை போடுமுன் நின்று யோசிக்க வேண்டும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் இழுவிசையைச் சுமப்பவை அவற்றில் சில. முன்முனையில் மோதல் நேர்ந்தால் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவதற்கென்றே கட்டப்பட்டவையும் உண்டு. பின்னதில் எந்தத் துளையும் போடக் கூடாது. முன்னதில், படகின் வடிவமைப்பு தெரிந்தவரைக் கேட்காமல் ஆறு அங்குல வட்டத்தை வெட்டுவதைவிட, அந்தக் கேபினுக்குத் தனியாக ஒரு சிறிய ஏசி வைப்பதே மேல். வெட்டிய இடங்களில் மரத்தின் ஓரத்துக்கு எபாக்ஸி பூசத் தவறினால், வியர்வை ஈரமே பலகையை உளுத்துப்போக வைத்துவிடும்.

குளிர்ந்த காற்று வெளிவரும் சப்ளை கிரில் உயரத்திலும் ரிட்டர்ன் கிரில் தாழ்விலும் இருக்க வேண்டும். குளிர்ந்த காற்று தானாகக் கீழே இறங்கும். இரண்டும் நேருக்கு நேர் அருகருகே இருந்தால், வந்த குளிர் அப்படியே திரும்ப உறிஞ்சப்பட்டு, அறை வெப்பமாகவே இருக்க, இயந்திரம் மட்டும் நின்று நின்று ஓடும். இரண்டு கிரில்களிலும் வெப்பநிலையை அளந்து பாருங்கள். 8 முதல் 11 டிகிரி செல்சியஸ் வேறுபாடு இருந்தால் இயந்திரம் பொதுவாக நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். குளிர்ச்சுருளில் பனிக்கட்டி படிந்தால், குளிரூட்டி வாயு குறைந்துவிட்டது என்று உடனே அளவுமானியை மாட்டாதீர்கள். ஃபில்டரைக் கழுவி, டக்ட்டை இயந்திரத்தின் வாயிலிலேயே கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். மீண்டும் பனி படியாவிட்டால் குறை காற்றுப் பாதையில்தான்.

முதலில் சொன்ன படகில், பின்சுவர்த் துளையையும் அடித்துளைகளையும் அடைத்து, ரிட்டர்ன் கிரில்லை இருமடங்காக்கி, நசுங்கிக் கிடந்த டக்ட்டை வேறு வழியில் கொண்டுபோனேன். பெட்ரோல் ஜெனரேட்டர் கரைக்குப் போனது. அந்தப் படகில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அடிக்கடி கத்துகிறது என்று அதன் பேட்டரியைக் கழற்றி அலமாரிக்குள் வைத்திருந்தார்கள். அதன் பின்புறம் அச்சிட்டிருந்த காலாவதித் தேதியும் கடந்திருந்தது. கடல் பயன்பாட்டுக்கென்று தரச்சான்று பெற்ற புதிய அலாரங்களை, உறங்கும் ஒவ்வொரு கேபினுக்கும் ஒன்று வீதம் பொருத்தினோம். ஏசி வைத்த லாக்கரின் மூடிக்கு உட்புறம், இந்தப் பெட்டி காற்றுப் புகாமல் மூடப்பட்டது, இதில் புதிதாகத் துளை போடுபவர் அதை அடைத்த பிறகே மூடியைப் போட வேண்டும் என்று அழியாத மையில் எழுதி ஒட்டினேன். அடுத்த ஆண்டு அதே படகில் சோலார் பலகைக்கு ஒயர் இழுத்த எலக்ட்ரீஷியன், அதைப் படித்துவிட்டு, எந்த சீலண்ட் போடுவது என்று கேட்டு எனக்குத் தொலைபேசியில் பேசினார்.