பிராட் பீன்ஸ்னா அவரையா?

"சிவப்புப் பூ பூக்கும் அரிய அவரை"ன்னு ஒரு போஸ்ட் வாட்ஸ்ஆப்ல சுத்திக்கிட்டே இருக்கு. அவரை கலரா பூக்குறதுல என்ன அதிசயம், இங்க மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல லயத்து வேலிக்கு வேலி ஊதாப் பூவோட அதானே படர்ந்து கிடக்கு.

அதுல சொல்ல வந்தது பிராட் பீன்ஸ், அதைத்தான் அவரைன்னு மொழிபெயர்த்துட்டாங்க. லத்தீன்ல ஃபாபா, பயறுக் குடும்பத்துக்கு ஃபாபேசின்னு பேரு வந்ததே இதுலேர்ந்துதான். இது கொடி இல்ல, நாலு பட்டைத் தண்டோட நிமிர்ந்து நிக்கிற செடி, வழக்கமா வெள்ளைப் பூ, அதுல மை சிந்தின மாதிரி கறுப்புத் திட்டு. இதுல ரத்தச் சிவப்பா பூக்குற ரகம் இங்கிலாந்துல அழிஞ்சே போற நெலம, 1978ல கென்ட்ல ஒரு அம்மா வச்சிருந்த விதையக் குடுத்ததால பொழச்சுது. கார்மசின்ங்கிற ரகத்துல விதை ரோஸ் கலரு. ரெட் எபிக்யூர்ங்கிற ரகத்துல செம்பழுப்பு. அவரைன்னு போட்டா இதெல்லாம் யாருக்கு ஆச்சரியமா இருக்கும்?

தூய தமிழ்க்காரங்க "அகன்ற அவரை"ங்கிறாங்க. எது அகலம்? காயா, விதையா, இலையா? பிராட்னு இருக்கு, அகலம்னு போட்டாச்சு, வேலை முடிஞ்சுது, செடியப் பார்த்தவன் ஒருத்தனும் இல்ல. மலாய்லேர்ந்து மொழிபெயர்க்கிறவங்க இன்னும் மோசம். கடையில உப்புப் போட்டுப் பொரிச்சு பாக்கெட்ல விக்கிற கச்சாங் பாராங் இதே பிராட் பீன்ஸ்தான், ஆனா பாராங்னா வெட்டுக்கத்தியாச்சேன்னு "வாளவரை"ன்னு போட்டுடுறாங்க, வாளவரைங்கிறது வேற கொடி, முழநீளத்துக்குக் காய்க்கும்.

சும்மா வார்த்தைச் சண்டைன்னு நெனைக்காதீங்க. இங்க புள்ள பொறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்துல ஜி6பிடி டெஸ்ட் எடுக்குறாங்கல்ல, அது ரத்தச் சிவப்பணுவக் காக்குற ஒரு நொதி, அதுல குறைபாடு இருந்தா தின்னக்கூடாதுன்னு சொல்றது ஃபாபாவத்தான், தின்னா ரத்தச் சிவப்பணு உடையும். அதை அவரைன்னு தமிழ்ல எழுதிக் குடுத்தா அம்மாக்காரி அவரைக்காய்ப் பொரியல நிறுத்திட்டு கச்சாங் பாராங் பாக்கெட்டப் பிரிச்சுக் குடுப்பா. மொழிபெயர்த்தவரு அப்ப எங்க இருப்பாரு?

என்னக் கேட்டா சீமை மொச்சை. தோலப் பிதுக்கித் தின்கிற பெரிய விதை, மொச்சை ஞாபகம்தான் வரும். மொச்சையும் அவரை இனந்தானேன்னு சண்டைக்கு வருவாங்க. வரட்டும், சீமைக் கருவேலம் என்ன நம்ம கருவேலமா? சீமைன்னு முன்னாடி ஒட்டினாலே "அது மாதிரி, ஆனா அது இல்ல"ன்னு நம்ம ஆளுங்களுக்குப் புரியும். அது புடிக்கலன்னா ஃபாபான்னே எழுதுங்க, தமிழ் ஒண்ணும் தேய்ஞ்சு போயிடாது.

அப்புறம், போஸ்ட்டப் பார்த்துட்டு விதை ஆர்டர் பண்றவங்களுக்கு: இது குளிர் ஊர்ச் செடி, நம்ம வெயிலுக்குப் பூ கொட்டிடும். கேமரன் மலையில சொந்தக்காரங்க இருந்தா அங்க போட்டுப் பாருங்க.