ஹார்லியின் பிஸ்டனும் மோட்டோஜிபி பிஸ்டனும்

ஹார்லி டேவிட்சன் வண்டி ஒன்று எஞ்சினை அணைக்காமல் சிக்னலில் நிற்கும்போது அதன் முன்பக்கத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பெரிய வண்டியாக இருந்தால் ஹேண்டில்பாரும் ஃபோர்க்கும் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருக்கும், கண்ணாடியில் பின்னால் நிற்கிற பஸ் கலங்கிய தண்ணீரில் தெரிவதுபோலத் தெரியும். சத்தமும் சீராக வராது. அடுத்தடுத்து இரண்டு தட்டு, ஒரு சின்ன இடைவெளி, மறுபடி இரண்டு தட்டு. இரண்டு சிலிண்டர்களும் 45 டிகிரி கோணத்தில் நிற்கின்றன, இரண்டு பிஸ்டன்களும் கிராங்க் என்ற சுழலும் தண்டில் ஒரே பின்னில் கோர்க்கப்பட்டிருக்கின்றன. அதனால் ஒரு சிலிண்டர் வெடித்து கிராங்க் 315 டிகிரி சுற்றியதும் அடுத்தது வெடித்துவிடும், அதற்கப்புறம் 405 டிகிரி காத்திருக்க வேண்டும்.

இந்த எஞ்சினை வைத்துக்கொண்டு ரேஸ் ட்ராக்கில் என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது, அது நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகிற வண்டி என்றுதான் நிறையப் பேர் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பேப்பரில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது.

பிஸ்டன் ஒரு சுற்றில் ஒருமுறை மேலே போய் ஒருமுறை கீழே வருகிறது. ஒரு பக்கம் மட்டும் போகிற அந்தத் தூரத்துக்கு ஸ்ட்ரோக் என்று பெயர். ஸ்ட்ரோக்கை இரண்டால் பெருக்கி, ஒரு வினாடிக்கு எத்தனை சுற்று என்பதாலும் பெருக்கினால் பிஸ்டனின் சராசரி வேகம் கிடைக்கும். உலகின் உச்ச மோட்டார் சைக்கிள் ரேஸான மோட்டோஜிபி-யின் 1000 சிசி எஞ்சினில் நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் அதிகபட்சம் 81 மில்லிமீட்டர் என்பது விதி, அப்படியானால் ஸ்ட்ரோக் சுமார் 48.5 மில்லிமீட்டர். 18,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு அத்தனை சுற்றில், அந்த பிஸ்டன் வினாடிக்கு 29 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இப்போது ஹார்லியின் 131 கனஅங்குல எஞ்சினை எடுத்துக்கொள்வோம், நம் கணக்கில் 2147 சிசி, ஸ்ட்ரோக் 114.3 மில்லிமீட்டர். அதை 7,000 ஆர்பிஎம்மில் சுற்றினால்? வினாடிக்கு ஏறக்குறைய 26.7 மீட்டர். அதாவது மந்தமானது என்று நாம் நினைக்கிற அந்த எஞ்சினின் பிஸ்டன், மோட்டோஜிபி எஞ்சினின் பிஸ்டனுக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

காற்றுக் கணக்கும் அப்படித்தான். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சிழுக்கும். சிலிண்டர் முழுதாக நிரம்புகிறது என்று வைத்துக்கொண்டால் மோட்டோஜிபி எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 லிட்டர் காற்றை விழுங்குகிறது, ஹார்லி 7,500 லிட்டர். நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ‘முழுதாக நிரம்புகிறது என்று வைத்துக்கொண்டால்’ என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. பெரிய சிலிண்டர் இரண்டு என்றால் காற்றுக்கு வழிவிடுகிற வால்வுகளும் பெரியவை, கனமானவை. அதோடு ஹார்லியில் வால்வுகளை இயக்குகிற கேம் ஷாஃப்ட் கீழே கிராங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து புஷ்ராட் என்ற நீளமான கம்பி மேலே போய் ராக்கர் என்ற நெம்புகோலைத் தள்ளி, ராக்கர் வால்வைத் திறக்க வேண்டும். மூடும்போது வால்வையும் ராக்கரையும் கம்பியையும் சேர்த்துத் திருப்பித் தள்ளுவது ஒரே ஒரு ஸ்பிரிங்கின் வேலை. சுழற்சி வேகம் கூடினால் அதற்குத் தேவையான விசை இருமடிப் பெருக்கமாக ஏறும், 5,000-லிருந்து 7,000-க்குப் போனாலே இரண்டு மடங்கு. ஸ்பிரிங் தோற்றுப்போனால் வால்வு கேமைப் பின்தொடராமல் மிதக்க ஆரம்பிக்கும், காற்று வந்த வழியே திரும்பிப் போகும், மோசமான நேரத்தில் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். மோட்டோஜிபி-யில் இதே வேலைக்கு அழுத்தப்பட்ட காற்றை ஸ்பிரிங்காக வைக்கிறார்கள். இத்தாலியின் டுகாட்டி கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போய் வால்வை மூடுவதற்கும் தனியாக ஒரு கேம் வைத்திருக்கிறது, அதில் ஸ்பிரிங்கை நம்பவே வேண்டாம்.

ஹார்லிக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். நீள ஸ்ட்ரோக்கும் புஷ்ராடும் 45 டிகிரியும் அவர்களுடைய வாடிக்கையாளர் கேட்டு வாங்குகிற குணங்கள். குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுக்கிற இழுவை, அந்தச் சத்தம், அந்தத் தோற்றம். கடைக்கு ஒரு எஞ்சின், ட்ராக்குக்கு வேறொரு எஞ்சின் என்று இரண்டு வேலை செய்ய வேண்டிய நிலையில்தான் அமெரிக்கக் கம்பெனி எப்போதும் இருந்திருக்கிறது. பணமும் நேரமும் முதலில் வெட்டப்படுவது அந்த இரண்டாவது எஞ்சினுக்குத்தான்.

1911-ல் ஐல் ஆஃப் மேன் தீவின் மலைப் பாதையில் முதல் முறையாக சீனியர் டிடி என்ற பைக் ரேஸ் நடந்தபோது முதல் மூன்று இடங்களும் ‘இந்தியன்’ என்ற அமெரிக்கக் கம்பெனியின் வண்டிகளுக்கு. 1968, 1969 இரண்டு ஆண்டும் அமெரிக்காவின் டேடோனா 200 ரேஸை கால் ரேபர்ன் ஹார்லியில் ஜெயித்தார். 1972-ல் அதே ரேபர்ன் காற்றால் குளிரும் ஒரு ஹார்லி எக்ஸ்ஆர்-ஐ எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய், முன்னே பின்னே பார்த்திராத ட்ராக்குகளில் ஆறு ரேஸில் மூன்றை வென்றார். 1974 முதல் 1976 வரை வால்டர் வில்லா ஹார்லி பெயரில் உலகச் சாம்பியன் ஆனதும் உண்மை, ஆனால் அந்த வண்டிகள் இத்தாலியில் செய்யப்பட்டவை. அதற்கப்புறம் பெரிய வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தை நிரப்ப ஹார்லி செய்ததுதான் விஆர்1000. 1994-ல் டேடோனாவில் இறங்கியது. 60 டிகிரி, தண்ணீரால் குளிர்விப்பு, சிலிண்டருக்கு நான்கு வால்வு, கேம் ஷாஃப்ட் மேலே. அதாவது மேலே நான் சொன்ன குறைகள் ஒன்றுகூட இதில் இல்லை. பொதுச்சாலையில் ஓட்டத்தக்கதாக 50 வண்டி செய்து காட்ட வேண்டும் என்று விதி, அந்தச் சான்றிதழை ஹார்லி போலந்தில் வாங்கியது. அமெரிக்கச் சாலையில் ஓட்ட அனுமதியே இல்லாத ஒரு அமெரிக்க வண்டி! எட்டு சீசன் ஓடி, 2001-ல் நிறுத்தும்வரை கடையில் விற்கிற வண்டிகளை வைத்து அமெரிக்காவில் நடக்கும் தேசிய சூப்பர்பைக் போட்டியில் ஒரு ரேஸ்கூட ஜெயிக்கவில்லை.

இரண்டு சிலிண்டர் என்பதால் தோற்றது என்று சொல்ல முடியாது. அதே 1994-ல் வந்த டுகாட்டி 916-ம் இரண்டு சிலிண்டர்தான், அது அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டும் உலக சூப்பர்பைக் பட்டத்தை வாரிக்கொண்டு போனது. நான்கு சிலிண்டருக்கு 750 சிசி, இரண்டுக்கு 1000 சிசி என்ற விதியின் சலுகை இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. வித்தியாசம் வேறு இடத்தில். டுகாட்டி ட்ராக்கில் ஓட்டிய வண்டியையே கடையிலும் விற்றது, ஒவ்வொரு ஆண்டும் உடைந்ததைத் திருத்தி அடுத்த ஆண்டு வண்டியில் போட்டது, அந்தச் செலவை வாங்குகிறவர்களே கொடுத்தார்கள். விஆர்1000-ஐ எண்பதுகளின் கடைசியில் வரைய ஆரம்பித்து, அது ட்ராக்குக்கு வந்து சேர்வதற்குள் போட்டியாளர்கள் ஒரு தலைமுறை முன்னே போய்விட்டார்கள்.

இந்தக் கதையில் என் மனதுக்கு நெருக்கமானவர் எரிக் பியூவெல். ஹார்லியில் எஞ்சினியராக இருந்தவர், ரேஸும் ஓட்டியவர், வெளியே வந்து விஸ்கான்சினில் ஈஸ்ட் ட்ராய் என்ற ஊரில் சொந்தமாக வண்டி செய்தார். எஞ்சின் கையில் இருக்கிற ஹார்லி எஞ்சின்தான் என்றால் மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்போம் என்பது அவர் வழி. பெட்ரோலை அலுமினிய ஃப்ரேமுக்குள்ளேயே ஊற்றினார், அதனால் எடை கீழே நடுவில் வந்தது. முன் பிரேக்கில் அவர் செய்தது இன்னும் அழகு. வழக்கமான வண்டியில் டிஸ்க் சக்கரத்தின் நடுவில் இருக்கும், பிரேக் பிடித்தால் அந்த முறுக்கு விசை மொத்தமும் ஸ்போக் வழியாக ரிம்முக்குப் போய்த்தான் டயரை நிறுத்த வேண்டும், எனவே ஸ்போக்குகள் பலமாக, கனமாக இருந்தே ஆக வேண்டும். பியூவெல் 375 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே டிஸ்க்கை நேராக ரிம்மிலேயே மாட்டினார். விசை ஸ்போக்குக்குள் நுழைவதே இல்லை. ஸ்போக் மெலிந்தது, இரண்டாவது டிஸ்க்கும் அதைக் கவ்வுகிற இரண்டாவது காலிப்பரும் போயின, சக்கரம் லேசானது. சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்குகிற எடை குறைந்தால் மேடு பள்ளத்தில் டயர் தரையை விடாது, ட்ராக்கில் அதன் மதிப்பு ரைடருக்கு உடனே கையில் தெரியும். ஒற்றை டிஸ்க் என்பதால் சூட்டை வெளியேற்றுவது கஷ்டம், அந்தக் குறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிறகு ரோட்டாக்ஸ் என்ற கம்பெனி செய்து கொடுத்த 72 டிகிரி எஞ்சினோடு 1125ஆர் வந்தது. 2009-ல் டேனி எஸ்லிக் அதில் அமெரிக்காவின் டேடோனா ஸ்போர்ட்பைக் பட்டத்தை வென்றார். 600 சிசி வண்டிகளோடு 1125 சிசி-யை ஓடவிடுவது நியாயமா என்று சண்டை நடந்தது, கேட்டதில் தப்பில்லை, ஆனாலும் பட்டம் பட்டம்தான். அதற்குள் பியூவெல் கம்பெனி ஹார்லியின் கைக்குப் போயிருந்தது, அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று ஹார்லி அதை மூடுவதாக அறிவித்தது! ஜெயித்த சூடு ஆறவில்லை. அப்புறம் எரிக் பியூவெல் இபிஆர் (எரிக் பியூவெல் ரேசிங்) என்று மறுபடி தொடங்கினார், 2013-ல் நம் ஊர் ஹீரோ மோட்டோகார்ப் 2.5 கோடி டாலர் கொடுத்து அதில் 49.2 சதவீதப் பங்கு எடுத்தது, 2014-ல் உலக சூப்பர்பைக்கில் இறங்கினார்கள், 2015 ஏப்ரலில் கம்பெனி கடனில் மூழ்கிக் கதவை மூடியது. ரேஸ் என்பது பிழைகளைச் சேர்த்து வைக்கிற வேலை. எந்த ட்ராக்கில் எந்த வளைவில் எந்த போல்ட் தளர்ந்தது என்ற நோட்டுப் புத்தகம் பத்து வருஷம் கைமாறாமல் இருந்தால்தான் அதற்கு விலை. அமெரிக்காவில் அந்தப் புத்தகம் ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை குப்பைக்குப் போயிருக்கிறது.

சரி, இப்போது? கடையில் சூப்பர்பைக் விற்காத கம்பெனி உலக சூப்பர்பைக்கில் நுழைய முடியாது, விதியே அப்படி. ஹார்லியும் விற்பதில்லை, இந்தியனும் விற்பதில்லை. மோட்டோஜிபி 2027-ல் 850 சிசி, 75 மில்லிமீட்டர் விட்டம் என்று மாறுகிறது. எல்லாரும் புதிதாகத் தொடங்குகிற அருமையான நேரம், ஆனால் அதற்கான எஞ்சின் வேலையை எப்போதோ ஆரம்பித்திருக்க வேண்டும்.

மிச்சமிருப்பது பேகர். பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றைத் தடுக்கும் பெரிய ஃபேரிங் உள்ள நெடும்பயண வண்டி. 2020-ல் லகூனா சேக்காவில் ஒரே ஒரு ரேஸாக இதை நடத்தினார்கள், இந்தியன் சேலஞ்சரில் டைலர் ஓஹாரா ஜெயித்தார். அதிலிருந்து கிங் ஆஃப் தி பேகர்ஸ் பட்டம் ஹார்லிக்கும் இந்தியனுக்கும் மாறி மாறிப் போகிறது. 2021 கைல் வைமன் ஹார்லி, 2022 ஓஹாரா இந்தியன், 2023 ஹேடன் கில்லிம் ஹார்லி, 2024 ட்ராய் ஹெர்ஃபோஸ் இந்தியன், 2025 மறுபடி வைமன்.

இதை வேடிக்கை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வண்டியின் எடை குறைந்தது 281 கிலோ, மோட்டோஜிபி வண்டி 157 கிலோ. 60 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 90 கிலோமீட்டரில் திரும்ப வேண்டும் என்றால் சுமார் 47 டிகிரி சாய வேண்டும், இது இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான், ஏனென்றால் எடை அந்தக் கணக்கிலேயே வராது. ஆனால் 47 டிகிரி சாய்ந்தால் பேகரின் பெட்டியும் ஃபுட்போர்டும் தரையில் உரசும். எனவே வண்டியையே உயர்த்துகிறார்கள். எடை மையம் மேலே ஏறும், பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரத்தில் சுமை குவியும், அதைச் சமாளிக்க இரண்டு சக்கரங்களுக்கு நடுவே இருக்கிற நீளம் கைகொடுக்கும், அதே நீளம் வளைவில் வண்டியைச் சட்டென்று திரும்பவிடாது. ரைடரை 75 கிலோ என்று வைத்தால் ஒரே வேகத்தில் பேகரின் இயக்க ஆற்றல் மோட்டோஜிபி வண்டியைவிட ஒன்றரை மடங்கு. அத்தனையும் ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் இரண்டு டிஸ்க்கில் சூடாக மாற வேண்டும். டேடோனாவில் இந்த வண்டிகள் மணிக்கு 290 கிலோமீட்டரைத் தாண்டுகின்றன.

டுகாட்டிக்கு அன்று வாய்த்ததும் ஹார்லிக்கு இதுவரை வாய்க்காததும் இங்கே இருக்கிறது. ட்ராக்கில் ஓடுவதும் கடையில் விற்பதும் ஒரே வண்டி. பிரேக், சஸ்பென்ஷன், எஞ்சின் தலை என்று ரேஸில் தேறியதை அப்படியே பாகமாக விற்கலாம், வாங்க ஆள் இருக்கிறது. 2026-க்கு ஹார்லியும் மோட்டோஜிபி நடத்துகிறவர்களும் சேர்ந்து பேகர் உலகக் கோப்பையை அறிவித்தார்கள், ஆறு மோட்டோஜிபி வார இறுதிகளில். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஹார்லி என்பதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. எதிரே இந்தியன் நிற்காவிட்டால் ஹார்லி எஞ்சினியருக்குத் தூக்கம் கெடாது, தூக்கம் கெடாமல் எஞ்சின் முன்னேறாது. அதுவும் இந்தியனைக் கையில் வைத்திருந்த போலாரிஸ் கம்பெனி, அதன் பெரும்பங்கைக் கைமாற்றப் போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. அந்த நோட்டுப் புத்தகத்தைப் புது முதலாளி பத்திரமாக எடுத்து வைப்பாரா என்பதுதான் என் கவலை.