மெட்டில்லாத பேஸ் ஏன் பாடுகிறது?

பெரம்பூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "ஃப்ரெட்லெஸ் பேஸ் கிட்டாரில் மட்டும் 'ம்வா…' என்று யாரோ வாயைத் திறப்பது மாதிரி ஒரு சத்தம் வருகிறதே, அது வாசிப்பவர் கையிலிருந்து வருகிறதா, மரத்திலிருந்தா, இல்லை ஆம்பிளிஃபையரில் ஏதாவது எஃபெக்ட் போடுகிறார்களா?" இந்தக் கேள்விக்காக நான் ஒன்பது வருடமாகக் காத்திருந்தேன் என்றால் வீட்டில் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான். பீரோவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும் என் பழைய பேஸுக்கு வயது அவ்வளவு.

சாதாரண பேஸ் கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட். வீணையின் மெட்டும் இதுவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வீணையில் 24 மெட்டுகளை மெழுகில் பதித்து வைக்கிறார்கள், பேஸில் மரத்தில் பள்ளம் அறுத்து அடித்து இறக்குகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மெட்டு இருந்தால் விரல் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் தந்தியின் நீளத்தை உலோகம் தீர்மானித்துவிடும். நீளம் குறைந்தால் அதிர்வெண் கூடும், இது பள்ளிக்கூடத்திலேயே படித்தது. மெட்டை எடுத்துவிட்டால்? வீணை கோட்டு வாத்தியமாக மாறுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் வேலியே கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பேஸுக்கு 'பிரிசிஷன்' என்று பெயர் வைத்ததே அதில் ஃப்ரெட் இருந்ததால்தான். ஆளுயர டபுள் பேஸைக் கட்டிக்கொண்டு சுருதி தேடி அலைந்தவர்களுக்கு, இதோ துல்லியம், கையை வை, சுரம் வரும் என்றார். பதினைந்து வருடம் கழித்து 1966-இல் ஆம்பெக் நிறுவனம் ஃப்ரெட் இல்லாத மின்சார பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1970-இல் ஃபெண்டரே தன் பிரிசிஷனை ஃப்ரெட் இல்லாமலும் விற்கத் தொடங்கியது, பெயரை மட்டும் மாற்றவில்லை. ஆனால் உலகமே திரும்பிப் பார்த்தது அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் வந்த பிறகுதான். ஃபெண்டரின் 1962-ஆம் ஆண்டு 'ஜாஸ் பேஸ்' ஒன்றின் ஃப்ரெட் பள்ளங்களை மரப்பூச்சால் அடைத்து, மேலே எபாக்ஸி என்ற கடினமான பிசினைப் பூசி வைத்திருந்தார் அவர். 1976-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு எத்தனை பேர் குறடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்.

நானும் உட்கார்ந்தேன். சால்டரிங் அயர்னால் ஃப்ரெட்டைச் சூடாக்கி மெதுவாக இழுக்க வேண்டும் என்பது தெரியாமல் கட்டிங் பிளேயரைப் போட்டு நெம்பியதில், ஒவ்வொரு ஃப்ரெட்டோடும் ரோஸ்வுட் சில்லு சில்லாகப் பெயர்ந்து வந்தது. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தேன். பிறகு எடுத்துக்கொண்டு போனபோது பழுது பார்ப்பவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்ன சார், பல்லை எல்லாம் பிடுங்கிட்டீங்களா?" என்றார். வடபழனியில் நண்பர்களோடு முதல் ஒத்திகை. பாட்டு முழுக்க நான் சுருதி இறங்கியே வாசித்தேன். காரணம் எளிது. ஃப்ரெட் உள்ள பேஸில் விரலை ஃப்ரெட்டுக்குக் கொஞ்சம் பின்னால் வைத்துப் பழகியிருக்கிறோம். ஃப்ரெட்லெஸில் ஃப்ரெட் இருந்த கோட்டின் மேலேயே வைக்க வேண்டும். தந்தியின் மொத்த நீளம் 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. இதில் தலைப் பக்கம் ஒரு சென்டிமீட்டர் பின்தங்கினால், அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் அதில் ஏறக்குறைய 20 பங்கு இறங்கிவிடும். பன்னிரண்டாவது ஃப்ரெட் இருந்த இடத்தில், அதாவது தந்தியின் சரிபாதியில், அதே பிழை 40 பங்கு. கீபோர்டுக்காரர் பாட்டு முடியும்வரை என்னை முறைத்ததில் நியாயம் இருக்கிறது.

சரி, 'ம்வா'வுக்கு வருவோம்.

ஃப்ரெட் உள்ள பேஸில் தந்தி ஒரு மெல்லிய உலோக முகட்டில் முடிகிறது. அந்த இடம் அசையாது. மீட்டியவுடன் அடிப்படைச் சுரமும் அதன் மேற்சுரங்களும் ஒன்றாகக் கிளம்பும். மேலே உள்ளவை சீக்கிரம் அடங்கும், கடைசியில் அடிச்சுரம் மட்டும் மிஞ்சும். பளிச்சென்று தொடங்கி மங்கிக்கொண்டே போகும் ஒலி. ஃப்ரெட்லெஸில் தந்தி முடிவது விரலுக்கு அடியில் இருக்கும் மரத்தில். அங்கிருந்து எதிர்முனையில் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் நோக்கி அது எழும் கோணம் அவ்வளவு தட்டையானது, விரலிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பார்த்தாலும் தந்திக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் இருப்பது சந்தேகம். இந்த நிலையில் தந்தி அதிர்ந்தால் என்ன ஆகும்? கீழே வரும்போது மரத்தின்மேல் படியும். மேலே போகும்போது உரிந்து எழும்.

பெசன்ட் நகர் கடற்கரையில் கால் நனைத்தபடி நின்று பாருங்கள். அலை சரிவான மணலில் ஏறுகிறது, இறங்குகிறது. நனைந்த கோடு ஒரே இடத்தில் நிற்பதில்லை. தந்தி மரத்தைத் தொடும் இடமும் அப்படித்தான் ஒவ்வோர் அதிர்விலும் முன்னே போய்ப் பின்னே வருகிறது. தாழ்ந்த 'இ' தந்தியைச் சும்மா மீட்டினாலே நொடிக்கு 41 அதிர்வு. மேலே விரல் வைத்தால் அதைவிட அதிகம். அத்தனை முறையும் தந்தியின் நீளம் கொஞ்சம் குறைந்து கொஞ்சம் கூடுகிறது. அதே தந்தி பக்கத்து ஃப்ரெட்டில் மோதினால் வருவது வேறு சத்தம், 'கிர்ர்' என்ற நாராசம். அது காசிமேட்டுக் கருங்கல்லில் அலை மோதுவது மாதிரி. மணலில் ஏறும் அலைக்கு அந்த ஆத்திரம் இல்லை.

இந்தத் தொடுதல் ஒவ்வொன்றும் தந்தியின் வளைவில் ஒரு சின்ன மடிப்பை உண்டாக்கி அனுப்புகிறது. கூர்மையான மடிப்பு என்றாலே அதில் உயர்ந்த மேற்சுரங்கள் இருக்கின்றன என்று பொருள். புதிதாக ஆற்றல் எங்கிருந்தும் வரவில்லை, அடிச்சுரத்தின் ஆற்றலில்தான் பங்கு போகிறது. மூத்தவன் சம்பளம் வாங்கி வந்து கடைக்குட்டிகள் கையில் கொடுப்பது மாதிரி. ஆனால் கொடுத்து முடிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். தொடக்கத்தில் விரலின் சதை மேற்சுரங்களை விழுங்கிக்கொள்வதால் ஒலி மூடிய வாய் போல 'ம்' என்று இருக்கிறது. பிறகு மரத்தை உரச உரச மேற்சுரங்கள் நிரம்பி வாய் திறக்கிறது, 'வா'. அதிர்வு தணியத் தணிய உரசும் இடமும் சுருங்கி விரலை நோக்கிப் பின்வாங்கும், ஒலியின் நிறம் மறுபடி மாறும். நம் காது இதை உயிரெழுத்தாகக் கேட்பதில் ஆச்சரியமே இல்லை. நாமும் பேசும்போது வாயைத் திறந்து மூடி எந்த மேற்சுரங்கள் தூக்கலாக வர வேண்டும் என்பதைத்தானே மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் சென்னைக்காரருக்கு ஒரு மணி அடிக்க வேண்டும். அடித்ததா? தம்பூரா!

மார்கழியில் ஏதாவது ஒரு சபாவில் கச்சேரி தொடங்குவதற்கு முன்னால், பேச்சுச் சத்தம் அடங்காத நேரத்தில், பின்னால் உட்கார்ந்திருப்பவர் தம்பூராவின் குதிரைமேல் (கிட்டாரில் பிரிட்ஜ் என்பதுதான் இங்கே குதிரை) குனிந்து ஒரு நூல் துண்டை நகர்த்திக்கொண்டிருப்பார், பார்த்திருப்பீர்கள். தந்திக்கும் குதிரைக்கும் நடுவில் இருக்கும் அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். நூலை ஒரு மயிரிழை நகர்த்தினால் செத்த மாதிரி 'டங்' என்றிருந்த தந்தி திடீரென்று ரீங்காரம் போடத் தொடங்கும். குதிரையின் தலை அகலமாகவும் லேசாக வளைந்தும் இருக்கிறது, நூல் தந்தியைச் சரியான அளவுக்குத் தூக்கி நிறுத்துகிறது, தந்தி அந்த வளைவில் படிந்து படிந்து எழுகிறது. ஃப்ரெட்லெஸில் விரல் பக்கம் தற்செயலாக நடப்பதை இங்கே குதிரைப் பக்கம் வேண்டுமென்றே செய்து வைத்திருக்கிறார்கள். உயிர் கொடுக்கிற நூல் என்று பேர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு.

இதை முதலில் அறிவியலாக எழுதியவரும் நம்மவர்தான், சி.வி.ராமன். திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போனவர். அலுவலகம் விட்டதும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்துக்குப் போய்விடுவார். 1921-இல் வெளியிட்ட கட்டுரையில் தம்பூராவும் வீணையும் ஒரு பழைய விதியை மீறுவதைக் காட்டினார். ஆங்கில விஞ்ஞானி தாமஸ் யங் சொன்ன விதி அது: ஒரு மேற்சுரத்தின் கணு, அதாவது அந்தச் சுரத்துக்கு அசையாமல் நிற்கும் புள்ளி, இருக்கும் இடத்தில் தந்தியை மீட்டினால் அந்த மேற்சுரம் பிறக்கக் கூடாது. நட்ட நடுவில் மீட்டினால் அடிச்சுரத்தைப் போல் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரங்கள் வரக் கூடாது. தம்பூராவில் வருகிறது, கணீரென்று வருகிறது. காரணம் அந்த வளைந்த குதிரைதான் என்றார் ராமன். மீட்டும்போது பிறக்காத சுரத்தைக் குதிரை பிறகு பெற்றுக் கொடுக்கிறது.

ஒரு தம்பூரா, ஒரு வீணை, இவ்வளவுதான் மூலதனம். இன்று நம் ஊரில் ஒரு இயற்பியல் துறை வீணையைப் பற்றி ஆராய வேண்டும் என்று நிதி கேட்டால், இதனால் தொழிலுக்கு என்ன பயன் என்ற கட்டத்தை நிரப்பச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். குதிரை வளைவை அளந்து, எந்தக் கைவினைஞர் எப்படிச் சீவுகிறார் என்று பதிவு செய்வதற்குப் பெரிய செலவில்லை. சீவத் தெரிந்த கைகள் இருக்கும்போதே செய்தால் தேவலை.

மாணவரின் கேள்வியில் மிச்சம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆம்பிளிஃபையர் 'ம்வா'வை உண்டாக்குவதில்லை. காந்தமும் சுருளும் கொண்ட பிக்கப், தந்தி என்ன செய்கிறதோ அதை மின்சாரமாக்குகிறது, அவ்வளவே. ஆனால் பிக்கப் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் அடிச்சுரத்தின் அசைவு குறைவு, மேற்சுரங்கள் ஒப்பீட்டில் தூக்கலாகத் தெரியும். அதனால்தான் ஜாஸ் பேஸில் இருக்கும் இரண்டு பிக்கப்பில் ஃப்ரெட்லெஸ்காரர்கள் பின்னால் இருப்பதையே அதிகம் திருகி வைப்பார்கள். போன் ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வராவிட்டாலும் 'ம்வா' கேட்கும், ஏனென்றால் அது வாழ்வது மேல்மாடியில்.

கையா மரமா என்றால், இரண்டும். ஓங்கி மீட்டினால் தந்தி மரத்தில் அடித்துக் கடகடக்கும். ரொம்ப மெதுவாக மீட்டினால் மரத்தைத் தொடவே தொடாது. நடுவில் ஒரு பதம் இருக்கிறது, அது கைக்குத்தான் தெரியும். எபாக்ஸிதான் ரகசியம் என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. சுற்றுக்கம்பி போட்ட ரவுண்ட்வவுண்ட் தந்தி மரத்தை அரம் மாதிரி ராவும். அதைத் தடுக்கத்தான் முதலில் அந்தப் பூச்சு. கடினமான பரப்பு ஒலியைக் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கும், உண்மைதான், ஆனால் வெறும் மரத்திலும் 'ம்வா' வரும். என் பேஸில் எபாக்ஸி இல்லை, வருகிறது. அமாவாசையன்று புதுத் தந்தி மாட்டக் கூடாது என்று ஒத்திகைக்கு வருபவர் ஒருவர் சத்தியம் செய்வார். நான் இரண்டு அமாவாசையில் மாட்டினேன். ஒன்றும் ஆகவில்லை, முதல் தடவை மட்டும் விரலில் குத்திக்கொண்டேன், அது கண்ணாடி போடாததால்.

உண்மையில் பயப்பட வேண்டியது நம்மூர்க் காற்றுக்குத்தான். நவம்பர் மழையில் கழுத்து மரம் ஈரம் குடித்து வளைவு மாறும். ஒரு நாள் காலையில் எடுத்தால் பாதிக் கழுத்தில் பேஸ் ஊமையாகி இருக்கும். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியை அலன் கீ போட்டுக் கால் சுற்றுத் திருகி, மீட்டி, காது கொடுத்து, மறுபடி கொஞ்சம் திருக வேண்டும். சபாவில் ஜீவா நூலை நகர்த்துகிறவரும் இதே வேலையைத்தான் செய்கிறார், அவருக்கு ஸ்பேனர் தேவையில்லை.

நல்ல பேஸின் பல்லைப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். வீட்டில் ஏதாவது ஒரு கிட்டார் இருந்தால், பழைய ரீசார்ஜ் கார்டில் விரல் நக அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜில் தந்திக்கு அடியில் படுக்கையாகச் செருகுங்கள். மீட்டிக்கொண்டே துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளுங்கள். முதலில் செத்த சத்தம்தான் வரும். பொறுமையாகத் தள்ளுங்கள், ஓர் இடத்தில் கிட்டாரிலிருந்து தம்பூரா எட்டிப் பார்க்கும்.